பானெட்டுக்குள் நான்கு தலைகள்

பழுதான வண்டியைச் சரிசெய்கிறவர் மெக்கானிக். பழுதான வண்டியின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, உள்ளே எட்டிப் பார்த்து "ம்ம்ம்" என்கிறவர் பானெட் பண்டிதர். இருவரையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மெக்கானிக்கைத் தேட வேண்டும். பண்டிதரைத் தேடவே வேண்டாம். சாலை ஓரத்தில் வண்டி ஒன்று நின்று, அதன் மூடியும் திறந்திருந்தால் போதும், எங்கிருந்தோ முளைத்துவிடுவார்.

அவரை எப்படி அடையாளம் காண்பது? ரொம்பச் சுலபம். முதலில் "ம்ம்ம்" வரும். அடுத்து ஏதாவது ஒரு குழாயைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். ஏன் குறிப்பாக அந்தக் குழாய்? கைக்கு எட்டியது அதுதான். பிறகு, "எங்கே, ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்க பாப்போம்" என்பார். ஸ்டார்ட் ஆகாது. "நான் நெனச்சேன்!" என்று தலையை ஆட்டுவார். அவர் என்ன நினைத்தார் என்று உலகத்தில் இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்கிற தைரியம் யாருக்கு இருக்கிறது?

அப்படிப்பட்ட ஒருவரைக் கட்டிக்கொண்டவள் ஒரு செவிலியர். மருத்துவமனையில் தலைமைச் செவிலியர் பதவிக்கு அன்று காலை அவளுக்கு நேர்காணல். வருடக்கணக்காக இரவுப் பணி பார்த்து, தன்னைவிட இளையவர்கள் தாண்டிப் போவதைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் வந்த அழைப்பு. புறவழிச்சாலையில் பாதி தூரம் வந்ததும் கணவர் ஓட்டிய கார் இரண்டு முறை இருமியது. பிறகு பேச்சு மூச்சில்லை.

அவள் மணியைப் பார்த்தாள். கணவர் முகத்திலோ, சொல்லக் கூடாதுதான், ஒரு வெளிச்சம். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். பானெட் திறந்தது.

"ஏங்க, டோ வண்டிக்கு போன் பண்ணட்டுமா?"

"நான் ஒருத்தன் இருக்கேன்ல? கயிறு கட்டி இழுத்துட்டுப் போறதுக்கு இது என்ன மாடா?"

வாடகைக் காருக்கு முயன்று பார்த்தாள். அந்தப் பக்கம் வண்டியே இல்லை என்று செல்போன் கையை விரித்துவிட்டது. அதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே பானெட்டுக்குள் தலையை விட்டார். பின்னாலேயே ஒரு மஞ்சள் கார். அதை ஓட்டி வந்த பெரியவர், கதவைச் சாத்தக்கூட மறந்துவிட்டு ஓடி வந்தார். மூன்றாவதாக வந்தவர் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். அவருடைய பை நிறைய அடுத்தவர் வீட்டுச் சாமான்கள். சட்டைப்பையில் போன் விடாமல் அலறிக்கொண்டிருந்தது. அது அவர் காதில் ஏறவில்லை.

"பேட்டரிதான்" என்றார் பெரியவர்.

"பேட்டரின்னா லைட் எப்படி எரியுது? பம்ப்" என்றது ஹெல்மெட்.

"என் மச்சான் வண்டியில இதேதான் சார் ஆச்சு" என்றார் பார்சல்காரர்.

"அப்புறம் என்ன பண்ணாரு?"

"வித்துட்டாரு."

இது போதாதா? நான்கு தலைகளும் ஒன்றுசேர்ந்து குனிந்தன. வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நாலு பேர் இப்படி அபிப்பிராயம் சொன்னால் நோயாளி என்ன ஆவான் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அவள் பெரியவர் பக்கம் போய், "சார், டவுன் பக்கம் போறீங்களா? எனக்கு ஒரு இன்டர்வியூ..." என்று ஆரம்பித்தாள்.

"ஒரு நிமிஷம்மா, கண்டுபிடிச்சுட்டோம்னு நெனைக்கிறேன்."

மஞ்சள் காரில் மூன்று இருக்கைகள் காலி. மோட்டார் சைக்கிளின் பின் இருக்கை காலி. உதவி செய்யத் துடித்து ஓடி வந்த மூன்று நல்லவர்கள், உதவி கேட்டவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். கோபம் வருகிறதா உங்களுக்கு? எனக்கு வருகிறது.

அவள் தள்ளி நின்று, கணவருக்குத் தெரியாமல் இழுவை வண்டிக்குப் போன் செய்தாள். எடுத்தவர் நல்ல மனிதர்.

"பக்கத்துலதாம்மா நம்ம வண்டி இருக்கு. முன்னாடி சீட்ல உக்காந்துக்கோங்க, போற வழியில ஆஸ்பத்திரி வாசல்லயே எறக்கிவிடச் சொல்றேன்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கார் எண்ணைச் சொன்னாள். பெயர், போன் நம்பர் என்று கேட்டபோது, கார் கணவர் பெயரில் இருப்பதால் அவருடையதையே கொடுத்தாள். அவள் செய்த பிழை அது ஒன்றுதான்.

சற்று நேரத்தில் தூரத்தில் இழுவை வண்டியின் மஞ்சள் விளக்கு சுழன்று வருவது தெரிந்தது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாலை ஓரத்துக்கு வந்து கையை ஆட்டினாள். அதே சமயம் பானெட்டுக்குள்ளிருந்து கணவரின் குரல் கேட்டது. காதில் போன்.

"டோ வண்டியா? யாருங்க கூப்பிட்டது? அதெல்லாம் வேணாம். இங்க நாங்க நாலு பேர் பாத்துட்டிருக்கோம். கிட்டத்தட்ட சரியாயிடுச்சு."

மஞ்சள் விளக்கு நின்றது. யோசித்தது. பிறகு வளைந்து திரும்பி, வந்த வழியே போய்விட்டது.

"என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று அவள் கத்தினாள். உண்மையிலேயே கத்தினாள்.

"பதறாதம்மா" என்றார் பெரியவர், தலையைத் தூக்காமல். "கிட்டத்தட்ட ஆயிடுச்சு."

அவள் பேருந்து நிறுத்தத்தைத் தேடி நடந்தாள், பாதி வழியில் ஓடினாள். அவள் போனதை நால்வரில் ஒருவரும் கவனிக்கவில்லை. கணவர் மட்டும் நடுவில் ஒருமுறை, "உள்ள உக்காந்து ஸ்டார்ட் பண்ணும்மா!" என்று குரல் கொடுத்தார். பதில் வராததால், மனைவி கோபமாக இருக்கிறாள் என்று முடிவு செய்துகொண்டு, தானே போய் உட்கார்ந்து சாவியைத் திருகினார்.

அவள் வியர்த்து வழிந்து போய்ச் சேர்ந்தபோது அறையில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "உங்க பேரை ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு மேடம். எல்லாரும் எழுந்து போயிட்டாங்க" என்றார் அலுவலக உதவியாளர். ஆறுதலுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்கத் தோன்றாமல் அவள் வெகுநேரம் நின்றாள்.

கணவர் சாயங்காலம் வீடு வந்தார். கார் வரவில்லை. அதே இழுவை வண்டி மத்தியானம் வந்து, காரை ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டிருந்தது. சட்டை முழுக்கக் கிரீஸ், முகம் முழுக்கச் சந்தோஷம். புதிதாகக் கிடைத்த மூன்று சிநேகிதர்களின் நம்பர்கள் போனில்.

"மெக்கானிக் என்ன சொன்னான் தெரியுமா? கோளாறுக்கு ரொம்பப் பக்கத்துல வந்துட்டேனாம்! இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா நானே பிடிச்சிருப்பேன்."

"பேரை ரெண்டு தடவை கூப்பிட்டாங்களாம்" என்றாள் அவள்.

"யாரோட பேரை?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் குளிக்கப் போனார். கிரீஸ் எதில் போகும் என்று உள்ளேயிருந்து கேட்டார்.

கதை அவ்வளவுதான். அந்தப் பதவி வேறொருத்திக்குப் போயிற்று. பண்டிதரின் மனைவி அன்றிரவு தூங்கினாளா, மறுநாள் எந்த முகத்தோடு வார்டுக்குப் போனாள் என்றெல்லாம் நீங்கள் என்னைக் கேட்கலாம். கேட்பீர்கள் என்றுதான் நானும் காத்திருக்கிறேன். ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்தால் வேறு ஏதோ கேட்கத் துடிப்பது போலத் தெரிகிறதே? லைட் எரிந்தது, கார் இரண்டு முறை இருமி நின்றது, அப்படியானால் கோளாறு பேட்டரியா பம்ப்பா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது, இல்லையா?

சொல்ல மாட்டேன்.