கைவிரல் இறுக்கத்தில் இரண்டு ஸ்குரூ

மல்கிரேவ், மெல்பேர்ண்
ஒக்டோபர் 1976

பெருமதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் வரதராஜா எழுதிக்கொள்வது. நல்லூரான் அருளால் இங்கு நானும் யோகராணியும் சுகம். கராஜில் அடுக்கியிருக்கும் செத்தல் மிளகாய் மூடைகளும் சுகம். அவற்றால் தும்மிக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் அவ்வளவு சுகமில்லை. நார்த்மீட்டில் நீங்களும் அக்காவும் ஒரு குறையுமின்றி இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. கந்தோரில் கூட வேலை செய்யும் நண்பர்களோடு முயல் சுடப் போவதற்குத் துவக்கு ஒன்று வாங்கியிருப்பதாகவும், வீட்டிலேயே அதைக் கழற்றித் துடைத்துப் பூட்டவும், மேலே ஸ்கோப் என்கிற குழாய்க் கண்ணாடியைப் பொருத்தவும் எந்த டோர்க் ரெஞ்ச் நல்லது என்றும், நான் வியாபாரி என்றபடியால் ஏமாறாமல் விசாரித்து எழுதுவேன் என்றும் எழுதியிருந்தீர்கள். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். ஒரு ஸ்குரூவை எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று அளந்து சொல்லும் அந்தச் சாவியில் நான் இந்த ஒரு மாதத்துக்குள் இரண்டு வாங்கிவிட்டேன். பதில் இதுதான்: அங்குல இறாத்தலில், அதாவது இன்ச் பவுண்டில், அளக்கிற சின்ன அளவுச் சாவியை வாங்குங்கள். பதில் முடிந்தது. ஆனால் இது எனக்கு எப்படித் தெரியும் என்பது கொஞ்சம் நீளம், அதன் கடைசியில் பொறியியலாளர் என்ற முறையில் உங்களிடம் எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது, ஆகையால் தேத்தண்ணி ஒன்றைப் போட்டுக்கொண்டு வாசிக்கவும்.

கவுன்சிலிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. வீட்டுக் கராஜ் கார் விடுவதற்கு, மிளகாய் விடுவதற்கில்லையாம். நத்தார்ப் பண்டிகைக்குள் மூடைகளை எடுக்க வேண்டும், இல்லையென்றால் அவர்கள் வந்து எடுப்பார்களாம். இதே நேரம் கிளேட்டன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கடை காலியாகக் கிடக்கிறது. சொந்தக்காரர் ஹட்சன் என்று எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிற ஒரு வயதான மனிசன். அதைக் கேட்டு நின்றது இரண்டு பேர், ஒன்று நான், மற்றது மீன் பொரித்து விற்க நினைக்கிற ஸ்ராவ்ரோஸ் என்ற கிரேக்கன். ஹட்சன் ஒரு துவக்குச் சுடும் கிளப்பின் செயலாளர். ஆகையால் நானும் அந்தக் கிளப்பில் சேர்ந்தேன், லைசென்சும் எடுத்தேன். ஸ்ராவ்ரோஸ் எனக்கு முந்தின கிழமையே சேர்ந்துவிட்டான், அவனும் வியாபாரிதானே. என் குண்டுகள் எல்லாம் குறி அட்டைக்குப் பின்னாலிருக்கும் மண்மேட்டில் பத்திரமாக இருக்கின்றன.

ஒரு நாள் ஹட்சன் புது ஸ்கோப் ஒன்றைக் கொண்டு வந்தார். விரல் மூட்டெல்லாம் வீங்கி அவரால் அந்தச் சின்ன ஸ்குரூக்களைப் பிடிக்க முடியவில்லை. "உங்களில் யாருக்காவது கைவேலை தெரியுமோ?" என்று கேட்டார். ஸ்ராவ்ரோஸ் தன் கையைப் பார்த்தான். அவன் பார்த்து முடிக்க முன்னம் நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். ஹட்சன், அது இல்லாவிட்டால் துவக்குச் சுடாது என்கிற பூட்டை மட்டும் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, துவக்கையும் ஸ்கோப்பையும் ஒரு துண்டுத்தாளையும் என்னிடம் தந்தார். புது ஆளுக்குக் கடனுக்குச் சாமான் கொடுக்கிறபோது நானும் இப்படி ஏதாவது ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்வதுண்டு, அதனால் எனக்குக் கோபமில்லை. துண்டுத்தாளில், ஸ்கோப்பைப் பிடிக்கிற வளையங்கள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் ஸ்குரூ இரண்டு, ஒவ்வொரு ஸ்குரூவும் இருபது அங்குல இறாத்தலுக்கு மேல் இறுக்கக்கூடாது என்று போட்டிருந்தது.

இரும்புக்கடைக்குப் போனேன். கடைக்காரன் மூன்று சாவியை மேசையில் வைத்தான். முதலாவது இரண்டடி நீளம், கையில் எடுத்தால் நல்ல பாரம், சொன்ன இறுக்கம் வந்ததும் டக் என்று சத்தம் போடும். இரண்டாவது ஒரு முள்ளு ஆடி எண்ணைக் காட்டுகிற சாதி. மூன்றாவது ஒரு சாண் நீளத்தில் ஸ்குரூ டிரைவர் மாதிரி ஒன்று, விலை பெரியதைப் போல இரண்டு மடங்கு.

"துவக்குக்கோ?" என்றான். "அப்ப இந்தச் சின்னதுதான் சரி, இல்லாட்டி முள்ளுச் சாவி. பெரியது கார்ச் சில்லு நட்டு இறுக்க."

அத்தான், நான் இருபது வருஷமாக வியாபாரம் செய்கிறேன். சாமான் வாங்க வந்தவனிடம் விலை கூடினதைத் தூக்கிக் காட்டி, இதுதான் உமக்குச் சரி என்று சொல்கிறவனை எனக்குத் தெரியும். ஏனென்றால் அது நான்தான். இறாத்தல் நிறைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் பெரிய சாவிக்குக் கிட்ட மற்ற இரண்டும் நிற்காது.

"பெரியதைத் தாரும்," என்றேன்.

"அதில முதல் கோடே பத்து அடி இறாத்தல், அங்குலக் கணக்கில நூற்றியிருபது. உம்முடைய ஸ்குரூ தாங்கிறதைப்போல ஆறு மடங்கு."

"அப்ப முதல் கோட்டுக்கே போகமாட்டன்," என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் பொதி கட்டினான். பெரிய சாவி அந்தச் சின்ன ஸ்குரூவில் நேரே பொருந்தாது என்று இடையில் கொழுவ மூன்று துண்டுகளும் விற்றான். அதிலே அவனுடைய திறமையை நான் மதிக்கிறேன்.

வீட்டுக்கு வந்து, குசினி மேசையில் பழைய துவாயை விரித்து, அதன்மேல் துவக்கைக் கிடத்தி, புரிகளுக்கு இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, டக் என்று சத்தம் வரும்வரை திருப்பினேன். சத்தம் வந்தது. நல்ல சாமான் என்று நினைத்தேன். இரண்டாவது ஸ்குரூவிலும் வந்தது. மூன்றாவதிலும் வந்தது, நாலாவது கொஞ்சம் பலமாகவே வந்தது. திருப்தியோடு துவக்கைத் தூக்கினேன். நாலு ஸ்குரூத் தலையும் கழன்று விழுந்தன, மூன்று மேசையில், ஒன்று யோகராணியின் ரசத்துக்குள் போனது. சாவி கடைசிவரைக்கும் வாயே திறக்கவில்லை. சத்தம் போட்டதெல்லாம் ஸ்குரூ.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, தலை போனாலும் பயமில்லை, வளையத்தின் மேல்பாதியைக் கழற்றினால் தண்டு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும், குறட்டால் பிடித்து மெல்லத் திருப்பினால் வந்துவிடும். எண்ணெயும் விடக்கூடாது. எண்ணெய் பட்ட புரி அதே எண்ணில் இன்னும் கூட இறுகிப்போகும், நல்லெண்ணெய் காய்ந்தால் பிசின் வேறு. இதெல்லாம் அந்தக் கடைக்காரன்தான் சொன்னான். இந்த முறை நம்பினேன், ஏனென்றால் இதற்கு அவன் காசு கேட்கவில்லை. பெரிய சாவியைத் திருப்பி எடுக்கமாட்டேன் என்றுவிட்டான். அங்குல இறாத்தலில் முள்ளுச் சாவி ஒன்று வாங்கினேன். இப்போது நாடு முழுக்க மெற்றிக் அளவைக்கு மாறுகிறபடியால் இரண்டு அளவும் பொறித்ததாகப் பார்த்து எடுக்கவும். புது ஸ்குரூ வேறு ஊரிலிருந்து வர வேண்டும் என்றான். அது வந்து சேர்ந்தது சரஸ்வதி பூசைச் சனிக்கிழமை. அடுத்த நாள் ஞாயிறு கிளப்பின் கடைசிப் போட்டி. போட்டி முடிந்ததும் கடை யாருக்கு என்று சொல்வதாக ஹட்சன் எங்கள் இருவருக்கும் சொல்லியிருந்தார்.

எண்ணெய் எல்லாம் துடைத்து, முன் வளையத்தின் இரண்டு ஸ்குரூவையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக, முள்ளு இருபதில் நிற்க இறுக்கினேன். அவ்வளவு சுகமான வேலை. பின் வளையத்தின் இரண்டையும் விரலால் திருப்பி வைத்துவிட்டுக் கை கழுவப் போய்த் திரும்பி வந்தால் மேசையில் சாவியுமில்லை, துவக்குமில்லை. யோகராணி தராசு, தையல் மெஷின், கணக்குப் புத்தகம் எல்லாவற்றோடும் அவற்றையும் சாமிப் படத்துக்கு முன் வைத்து, சந்தனமும் குங்குமமும் பூவும் வைத்துவிட்டா.

"இஞ்சேர், அதில வேலை அரைவாசியில நிக்குது."

"நிக்கட்டும். பூசையில வைச்ச ஆயுதத்தை நாளைக்குக் காலமை எடுத்தாப் போதும்."

"ரெண்டே ரெண்டு ஸ்குரூ."

"ரெண்டு ஸ்குரூவுக்காகச் சரஸ்வதியை எழுப்பப் போறியளோ?"

அந்த நேரம் பார்த்து வாசலில் ஹட்சன். துவக்கைக் கொண்டுபோக வந்திருக்கிறார். தன் துவக்குக்குப் பொட்டு வைத்திருப்பதைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிவிட்டார். யோகராணி கதிரை போட்டு, கடலையும் அவலும் கொடுத்தா. சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்து, "எல்லாம் ரெடியோ?" என்றார். சாவியைத் தொட்டால் யோகராணி விடமாட்டா. ரெடி இல்லை என்றால் ஸ்ராவ்ரோஸ் மீன் பொரிப்பான். "எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கு," என்றேன். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, நீங்களே பார்க்கலாம். சாவியைத்தான் எடுக்கக்கூடாது, சொந்தக்காரர் தன் துவக்கை எடுக்கலாம் என்று யோகராணியும் விட்டுவிட்டா.

ஞாயிற்றுக்கிழமை ஹட்சனின் முதல் குண்டு நடுவில் பட்டது. இரண்டாவது கொஞ்சம் இடக்கைப் பக்கம். அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் இடம் மாறிக்கொண்டே போய், கடைசிக் குண்டு பக்கத்தில் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தவரின் அட்டையில் சரி நடுவில் விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். மனிசன் காருக்குள் போய் இருந்தார், ஸ்ரார்ட் பண்ணவில்லை. நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"என்ர கண் போயிட்டுது, ராஜா," என்றார். "இனிக் காரும் ஓட்டக்கூடாது." கார்ச் சாவிக் கொத்தை என் கையில் வைத்தார். நான்தான் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். வழியில் சொன்னார், துவக்கை விற்கப் போகிறாராம், குவீன்ஸ்லாந்தில் இருக்கும் மகளோடு போய் இருக்கப் போகிறாராம், கடையை வாடகைக்கு இல்லை, விலைக்கே எனக்குத் தருகிறாராம், அதுவும் நான் வாய்விட்டுக் கேட்கத் துணியாத விலைக்கு. ஸ்ராவ்ரோசுக்குத் தானே சொல்லிவிடுகிறேன் என்றார். வீட்டு வாசற்படியில் ஏறும்போது, இருக்கிற படியைக் காலால் தடவித் தடவி ஏறினார். போன கிழமை அதே படியில் மா மூடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏறினவர்.

யோகராணிக்குச் சொன்னேன்.

"உடனே போய் அவருக்குச் சொல்லுங்கோ."

"சொன்னால் கடை கைவிட்டுப் போயிடும்."

"அந்த மனிசன்ர கண் நல்லாத்தான் இருக்கு. நீங்கள்தான் பிடுங்கி வைச்சிருக்கிறியள்."

"கண்ணோ ஸ்குரூவோ எண்டு ஆருக்குத் தெரியும்? அத்தானைக் கேட்டு எழுதுறன். அவர் இஞ்சினியர்."

"இஞ்சினியரும் வேண்டாம், ஒருத்தரும் வேண்டாம். கதவைத் திறந்து நாலு வீடு தள்ளி நடவுங்கோ."

ஆகையால், அத்தான், என் கேள்வி இதுதான். பின் வளையத்தில் இரண்டு ஸ்குரூ கைவிரல் இறுக்கத்தில் மட்டும் இருந்தால் குண்டு அவ்வளவு தூரம் விலகுமோ? விலகாது, வயது போனால் கண் இப்படித்தான் என்று நீங்கள் உங்கள் கந்தோர்க் கடதாசியில் இரண்டு வரி எழுதி, பெயருக்குப் பின்னால் இருக்கிற பட்டமெல்லாம் போட்டுக் கையெழுத்து வைத்து அனுப்பினால் நான் யோகராணிக்குக் காட்டிவிட்டு நிம்மதியாக இருப்பேன். விலகும் என்றால் பதில் எழுத வேண்டாம், முத்திரை வீண். பெரிய சாவி என்னிடம் புதுக்குணம் மாறாமல் இருக்கிறது, உங்கள் கார்ச் சில்லுக்கு உதவும், வாங்கின விலைக்கே தரலாம்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும். உங்கள் துவக்கு ஒரு முயலுக்கும் கெடுதல் செய்யாமல், உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த செல்வமும் கிடைக்க எல்லாம் வல்ல இறைவனை வேண்டி விடைபெறுகிறேன்.

இப்படிக்கு,
அன்பு மைத்துனன்
சி. வரதராஜா

பி.கு. இதை உறையில் போட்டு ஒட்டுகிறதுக்கு முன்னம் ஹட்சனே வந்துவிட்டார், தானே காரை ஓட்டிக்கொண்டு. யோகராணி நாலு வீடு நடந்து போய் எல்லாத்தையும் சொல்லிப்போட்டு வந்திருக்கிறா, எனக்குச் சொல்லவில்லை. மனிசன் துவக்கைக் குசினி மேசையில் வைத்தார். முள்ளுச் சாவியை எடுத்து, நான் ஸ்குரூவைப் பிடிக்க, அந்த வீங்கின கையாலேயே இரண்டையும் இருபதுக்கு இறுக்கினார். நேரே சுடுமிடத்துக்குப் போய், பின்னேரம் ஒரு அட்டையோடு வந்தார். எல்லாக் குண்டும் ஒரு தேத்தண்ணிக் கோப்பை மூடுகிற அளவுக்குள். குவீன்ஸ்லாந்து இல்லையாம். கடை விலைக்கும் இல்லையாம். வாடகைக்குத் தருவாராம், ஆனால் பத்திரம் யோகராணியின் பெயரில் மட்டும்தானாம். நான் அங்கே வேலை செய்வதில் அவருக்கு ஆட்சேபணை இல்லையாம். அவ அன்றைக்கே கையெழுத்து வைத்துவிட்டா. ஆகையால் நீங்கள் கையெழுத்து ஒன்றும் அனுப்ப வேண்டாம், எழுதின கடதாசி வீணாகப் போகக்கூடாது என்றுதான் இதை அனுப்புகிறேன். இனி எனக்கு எழுதுவதானால் கடை விலாசத்துக்கு, வரதராஜா, மே/பா திருமதி யோகராணி என்று போடவும். எழுதுவதை யோசித்து எழுதவும், கடைக்கு வருகிற தபாலை அவதான் பிரிக்கிறா.