நீ வந்து மாட்ட வேண்டிய கேமரா

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, அப்பா மூவரும் நலம். கார் நலமில்லை. நீயும், உன் பணிமனையில் உன்னிடம் வைத்தியத்துக்கு வரும் கார்கள் யாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இதைப் போனில் சொல்ல முடியாது. வியாழக்கிழமை நீ பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்து அறையில் செய்தித்தாளும் கையுமாக உட்கார்ந்திருப்பார். போன வாரம் நாம் பேசிய பதினொரு நிமிடத்தில் அவர் ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. அதனால்தான் கடிதம்.

நாலு மாதத்துக்கு முன் நீ அப்பாவுக்கு அனுப்பினாயே, காரின் முன்கண்ணாடியில் மாட்டும் கேமரா, அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். பெட்டிக்குள், "கடையில் கொடுக்க வேண்டாம், நான் வரும்போது மாட்டித் தருகிறேன்" என்று ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தாய். அப்பா அதை டாக்டர் எழுதிய சீட்டைப் படிப்பதுபோல் இரண்டு முறை படித்தார். பிறகு பெட்டியை மூடிப் புத்தக அலமாரியின் மேல் வைத்துவிட்டார். நான் புத்தகம் எடுக்கப் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பேன். பெட்டி அங்கே இருக்கும்வரை நீ வந்தாக வேண்டும் அல்லவா. அதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்கும்.

போன சனிக்கிழமை, தெருவில் நின்ற நம் காரின் பக்கவாட்டுக் கண்ணாடியை எவரோ உரசிவிட்டுப் போய்விட்டார்கள். அப்பா அந்தக் கீறலைத் தடவிப் பார்த்தார். நேராக உள்ளே வந்து பெட்டியை இறக்கினார்.

"அக்கா வந்து மாட்டுவான்னு சீட்டுல இருக்கேப்பா" என்றேன்.

"ஊருக்கே மருந்து எடுத்துக் கொடுக்கிறவன். மூணு வயரைச் சேர்க்கத் தெரியாதா எனக்கு?"

அம்மா துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "வயரைச் சேர்ப்பீங்க. பெத்த பொண்ணோட பேசிப் பதினாலு மாசமாச்சு, அதைச் சேர்க்கத்தான் தெரியல."

அப்பா காது கேட்காதவர்போல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். நீ அந்த ஊர் வேலைக்குக் கிளம்பிய அன்று, "நீ இல்லாட்டியும் இந்த வீட்ல விளக்கு எரியும்" என்று சொன்னாரே, அதை ருசுப்படுத்தும் வேகம் அது.

அக்கா, ஃபியூஸ் பெட்டியை அந்த இடத்தில் வைத்தவர் யாரோ, அவருக்கு முதுகெலும்பு இருந்திருக்காது. ஸ்டியரிங்குக்குக் கீழே, இடது மூலையில், தலைகீழாகப் படுத்தால்தான் தெரிகிறது. அப்பா தலையை உள்ளே விட்டுக் கால்களைத் தெருவில் நீட்டிப் படுத்திருக்க, நான் ஜன்னல் பக்கம் நின்று விளக்கப் புத்தகத்தை உரக்கப் படித்தேன், முதல் பக்கத்திலிருந்தே படித்தேன், எச்சரிக்கைகளைத் தாண்டிப் படிக்கக் கூடாது என்று எச்சரிக்கையிலேயே போட்டிருந்தது, அப்பா உள்ளிருந்து "கறுப்பு வயர் எங்க போகணும், அதைச் சொல்லு" என்றார், "அதுக்கு இன்னும் ஒன்பது பக்கம் இருக்குப்பா" என்றேன், அதற்குள் மாடிவீட்டு மாமி எட்டிப் பார்த்து, "ஆள் நல்லாத்தானே இருக்காரு, காலு ரெண்டும் ரொம்ப நேரமா ஆடவே இல்லையே" என்று கேட்டுவிட்டார்.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். கறுப்பு வயர் காரின் இரும்போடு சேர வேண்டும். சிவப்பு, கார் ஓடும்போது மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸோடு. மஞ்சள், கார் தூங்கினாலும் தூங்காத ஃபியூஸோடு. அப்போதுதான் நிறுத்திய காரிலும் கேமரா விழித்திருக்கும். வயரைக் கூரை ஓரத்துத் துணிக்குள் செருகுவதற்கு, மாத்திரை எண்ணும் தட்டைக் கரண்டியைக் கடையிலிருந்து கொண்டுவந்திருந்தார் அப்பா. ஒரு சுருக்கம் இல்லாமல் செருகினார். நீ பார்த்திருந்தால் மெச்சியிருப்பாய்.

அதற்கப்புறம் நடந்தவற்றை நீ மெச்சமாட்டாய். கேமராவுக்கு ஐந்து ஆம்பியர் ஃபியூஸ் என்று புத்தகம் சொல்கிறது. "புது உடம்பு. எடுத்த எடுப்புல முழு டோஸ் கொடுக்கக் கூடாது" என்று அப்பா இரண்டு ஆம்பியர் போட்டார். கண்மூடித் திறப்பதற்குள் அது போய்ச் சேர்ந்தது. அடுத்து, காரின் பழைய ஃபியூஸைப் பிடுங்கி, அந்த இடத்தில் இரண்டு ஃபியூஸ் உட்காரும் இணைப்பைச் செருக வேண்டும், பழையதும் புதியதும் அதில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும் அல்லவா, அப்பாவோ புதியதை மட்டும் வைத்துவிட்டுப் பழையதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், கேட்டதற்குப் "பழைய மருந்தை நிறுத்தினாத்தான் புது மருந்து வேலை செய்யும்" என்றார், அந்தப் பழையது கார் ஜன்னல்களின் ஃபியூஸ், நான் படிப்பது கேட்பதற்காக இறக்கிவிட்ட ஜன்னல் இறங்கியபடியே நின்றுவிட்டது, உடனே மழை வந்தது. அம்மா குடையோடு ஓடிவந்து காருக்குப் பிடித்தாள். "மனுஷங்க நனையிறாங்க, காருக்குக் குடையா?" என்றார் மாடிவீட்டு மாமி. "இவங்க காயப்போட்டா காஞ்சிடுவாங்க. கார் காயுமா?" என்றாள் அம்மா.

ஜன்னல் ஃபியூஸில் போய்க் கைவைப்பார்களா என்று நீ தலையில் அடித்துக்கொள்வது இங்கிருந்தே தெரிகிறது. மறுநாள் வேறு ஃபியூஸுக்கு மாறிவிட்டோம்.

ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கேமரா கண் விழித்தது. அம்மா கைதட்டினாள். காரை அணைத்த பிறகும் அதன் நீலப் பொட்டு அணையவில்லை. அப்பா தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ பார்த்தா, கறுப்பு வயரை இந்த ஆணியிலயா முடுக்கினீங்கன்னு கேட்டிருப்பா" என்று சொல்லிச் சிரித்தார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

ஒத்திகைக்குத் தெருமுனை வரை போய்வந்தோம். முன்சீட்டில் நான்தான். நீ காலை நீட்டி உட்காருவதற்காகப் பின்னுக்குத் தள்ளிய சீட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. முன்னால் இழுக்கப் போனேன். "இருக்கட்டும், விடு" என்றார் அப்பா. போகும்போதும் வரும்போதும் என் கால் தரையில் படவில்லை.

ஆறு மணிக்குக் கேமரா செத்துவிட்டது. மூன்று நாளாக அப்பா அதன் முன்னால் மல்லாந்து கிடக்கிறார். கடையில் கொடுக்கவும் மறுக்கிறார். "வேணாம்னு சீட்டுல எழுதியிருக்காளே" என்கிறார். ஆகவே, அக்கா, வெள்ளிக்கிழமையோடு எனக்குத் தேர்வு முடிகிறது. நீ ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போக முடியுமா? ஒரே ஒரு நாள் போதும். இரண்டு நாள் என்றால் இன்னும் நல்லது.

அம்மா தன் ஆசிகளையும், வேளைக்குச் சாப்பிடு என்பதையும் எழுதச் சொன்னாள். அப்பா ஒன்றும் எழுதச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் வருகையை எதிர்பார்க்கும் தங்கை

பின்குறிப்பு: கேமரா செத்துவிட்டது என்று மேலே எழுதியதை நம்பாதே. அதைக் கொன்றவள் நான். ஞாயிறன்று எல்லோரும் சந்தோஷமாக இருந்தபோது நான் அலமாரியைப் பார்த்தேன். பெட்டி இருந்த இடத்தில் தூசி படாத ஒரு சதுரம் மட்டும் இருந்தது. இனி நீ எதற்காக வரவேண்டும் என்று தோன்றிவிட்டது. அப்பா கை கழுவப் போன நேரத்தில் மஞ்சள் வயரின் ஃபியூஸைப் பிடுங்கி என் ஜியாமெட்ரி பெட்டியில் ஒளித்துவிட்டேன். அப்பா மூன்று நாள் முதுகு வலிக்கப் படுத்துக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் ஒரு வரி படிக்க முடியவில்லை. இன்று காலை அவருக்குத் தெரியாமல் அதைத் திரும்பச் செருகினேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுவதாகவும் இருந்தேன்.

கேமரா விழிக்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். கறுப்பு வயர் ஆணியிலிருந்து கழன்றிருந்தது. நன்றாகச் சுருட்டி, மருந்துக் கடையில் மாத்திரை அட்டைகளுக்குப் போடும் ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. தானாகக் கழன்ற வயர் தனக்குத்தானே ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளாது, அக்கா.

எழுந்து திரும்பினால் அப்பா நிற்கிறார்.

"என்ன பார்க்கிற?"

"ஒண்ணுமில்லப்பா."

"அக்காவுக்கு லெட்டர் போட்டாச்சா?"

"இன்னும் இல்லப்பா. கேமரா சரியாயிடுச்சுன்னா மாத்தி எழுதணும்."

அப்பா குனிந்து ஃபியூஸ் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார்.

"சரியாகல. நம்ம கைமீறிப் போச்சுன்னு எழுது."

வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"நான் சொன்னேன்னே எழுது" என்றார்.