மலை யூனிட்டின் குறைகள்

"ஜெனரேட்டர் வண்டி எத்தனை மணிக்கு வரணும்னு ஷீட்டுல போடலையாமே?" என்று கேட்டுக்கொண்டே மேனேஜர் உள்ளே வந்தார்.

ஷீட்டக்கா கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "போட்டிருக்கேன் சார். பாருங்க, காலை அஞ்சரை."

"என் கண்ணுக்குத் தெரியுது. மலையில இருக்கிறவங்க கண்ணுக்குத் தெரியலையாம். குறை எழுதியிருக்காங்க."

அவளுக்கு வேறு பெயர் இருந்தது. ஆனால் அந்த சினிமாக் கம்பெனியில் அதை யாரும் சொல்லி மூன்று வருஷம் ஆகிவிட்டது. நாளைக்கு யார், எங்கே, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று எழுதிய கால்ஷீட்டை மாலை ஆறு மணிக்கு நூற்றெண்பது பேருடைய போனுக்கு அனுப்புகிறவள் அவள். அதனால் கதாநாயகன் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் ஷீட்டக்காதான்.

முன்பெல்லாம் மூன்று பேர் உட்கார்ந்து நோட்டுப் போட்டு எழுதிய வேலை அது. தயாரிப்பாளரின் மருமகன் ஒரு டேட்டாபேஸ் செய்து கொடுத்தார். ஆள் பெயர், துறை, இடம், நேரம் என்று கட்டங்களை நிரப்பினால் ஷீட்டை அதுவே போட்டுவிடும். மூன்று பேரில் இரண்டு பேர் வேறு வேலைக்குப் போனார்கள். மருமகன் வேறு நாட்டுக்கே போய்விட்டார். டேட்டாபேஸும் ஷீட்டக்காவும் மிஞ்சினார்கள்.

ஷீட்டின் அடியில் 'குறைகள்' என்று ஒரு கட்டம் உண்டு. யூனிட்டில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். நீண்ட நாள் அது காலியாகத்தான் இருந்தது. இரண்டு மாதமாகத்தான் மலை யூனிட்டிலிருந்து தினமும் ஒன்று வந்தது.

'ஜெனரேட்டர் வண்டியின் நேரம் விளங்கவில்லை. ஷீட் தயாரிப்பவர் ஒருமுறை நேரில் வந்து விளக்கினால் நலம். - மலை யூனிட்.'

"எப்பவும் இதே பல்லவி. நேர்ல வந்து விளக்கணுமாம்" என்றார் மேனேஜர்.

"நான் வேணும்னா ஒரு நடை போய்ட்டு வரட்டுமா சார்?" என்று ஷீட்டக்கா கேட்டாள். முடிந்தவரை சலிப்பான குரலில் கேட்டாள்.

"நீ போய்ட்டா இங்க ஷீட்டை யாரு போடறது, நானா? எனக்கு இந்தப் பெட்டியைப் பாத்தாலே தலை சுத்துது. இங்கேயே உக்காந்து சரி பண்ணு."

அவர் போன பிறகு அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். மலை ஏழு மணி நேரப் பயணம். அங்கேதான் அவள் கணவன் லைட்மேனாக இருந்தான். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். அதில் கடைசி ஐந்து மாதமாக அவன் மலையிலேயே இருந்தான். மாற்று ஆள் வந்தால்தான் கீழே இறங்க முடியும். அந்தக் குளிருக்குப் பயந்து மாற்று ஆள் எவனும் ஏறத் தயாராக இல்லை.

வீட்டில் சமையலறை பல்பு போய் இரண்டு மாதமாகிறது. அடுத்த வீட்டு மாமா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். "வேண்டாம் மாமா, அவரு வந்து மாத்துவாரு" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடுகிறவனின் வீட்டில், ஹாலிலிருந்து வரும் வெளிச்சத்தில் சமையல் நடந்தது.

மத்தியானம் அவன் கூப்பிட்டான். ஜெனரேட்டர் வண்டியின் கூரைமேல் ஏறி நின்றால்தான் அங்கே டவர் கிடைக்கும். இரண்டு நிமிஷம் பேசலாம். அதற்குள் யாராவது கீழே இருந்து கத்துவார்கள்.

"சாப்ட்டியா?"

"ஆச்சு. நீங்க?"

"இப்பத்தான். பல்பு மாத்திட்டியா?"

"இல்ல." பிறகு அவளுக்குப் பொறுக்கவில்லை. "என்னங்க, அங்க யாரோ தினமும் என் ஷீட்டைப் பத்திக் குறை எழுதறாங்க. யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

மறுமுனையில் அவன் இருமினான்.

"எனக்கென்ன தெரியும்? நான் உண்டு, என் லைட்டு உண்டு" என்றான். "விடு, நல்லதுக்குத்தான் எழுதுவாங்க."

"நல்லதுக்கா? மேனேஜர் என்னை வறுத்து எடுக்கறாரு!"

"ஐயோ, திட்டறாரா?" என்று அவன் பதறினான். அதற்குள் கீழே இருந்து யாரோ கத்தினார்கள். இணைப்பு அறுந்துவிட்டது.

எவ்வளவு நல்ல மனுஷன், ஒருத்தரைப் பற்றியும் தப்பாகச் சொல்ல வாய் வராது என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று மாலை ஜெனரேட்டர் வண்டியின் நேரத்தை, யாரும் குறை சொல்ல முடியாதபடி, ஷீட்டில் மூன்று இடத்தில் போட்டாள். டேட்டாபேஸ் அதைத் தன் போக்கில் புரிந்துகொண்டது. மூன்று முறை எழுதினால் மூன்று வண்டி. மறுநாள் மலைப் பாதையில் மூன்று ஜெனரேட்டர் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் நின்றன. கதாநாயகி இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்து நடித்தாள். களைப்பாக இருப்பது போன்ற காட்சியாக இருந்ததால் தப்பித்தது.

மேனேஜர் அரை மணி நேரம் கத்தினார். ஷீட்டக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். பின்பு இருக்கையில் வந்து உட்கார்ந்தபோது அவளுக்கு ஒன்று தோன்றியது. திட்டு எப்படியும் வாங்குகிறோம், ஒரு திட்டையாவது நமக்காக வாங்கிக்கொள்ளலாமே.

கணவன் பெயரை ஸ்டுடியோ யூனிட்டில் சேர்த்தாள். ஒரே ஒரு நாளுக்கு. சேர்த்ததும் திரையில் சிவப்பாக ஓர் எச்சரிக்கை வந்தது: 'ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்க முடியாது.'

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் முடியாது? ஐந்து மாதமாக அவன் மலையிலும் இருக்கிறான், அவள் சமைக்கும்போது அரிசியில் ஒரு பிடி கூடுதலாகப் போட வைத்துக்கொண்டு இங்கேயும்தான் இருக்கிறான். மருமகனுக்கு இது எங்கே புரியப் போகிறது.

யோசித்து, அவன் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தாள். டேட்டாபேஸ் ஏற்றுக்கொண்டது. புள்ளி உள்ளவன் வேறு ஆள். மலையில் ஒரு கணவன், ஸ்டுடியோவில் ஒரு கணவன்.

ஷீட் போனது. ஆனால் போன் என்னவோ ஒன்றுதானே? மலைக்காரன் மலையிலேயே இருந்தான்; இரண்டாவது ஷீட்டைத் தவறி வந்தது என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. புள்ளிக்காரன் ஸ்டுடியோவுக்கு வரவில்லை. முதல் நாள் வரவில்லை என்று குறித்தார்கள். அவள் ஒரு நாளை மூன்று நாளாக்கிப் பார்த்தாள். மூன்று நாளும் வரவில்லை என்று குறித்தார்கள்.

நான்காம் நாள் ஆபீஸ் பியூன் ஒரு கடிதத்தை நீட்டினார். "வீட்டு அட்ரஸ் உங்களுதுதானேம்மா? நீங்களே வாங்கிக்கிட்டா எனக்கு ஒரு நடை மிச்சம்."

டேட்டாபேஸ் தானாக அடித்த கடிதம். 'தாங்கள் தகவல் ஏதுமின்றித் தொடர்ந்து வராமல் இருப்பது வருத்தத்திற்குரியது. காரணத்தை விளக்கவும்.'

"நானும் அதைத்தானே கேக்கறேன்" என்று சொல்லி, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

கடிதம் மேனேஜர் கண்ணில் படுவதற்குள் புள்ளிக்காரனை ஒழித்தாக வேண்டும். அவன் பெயரைப் பிடித்து 'நீக்கு' என்று அழுத்தினாள். 'இவருடன் தொடர்புடைய அனைத்தையும் நீக்கவா?' என்று டேட்டாபேஸ் பணிவாகக் கேட்டது. புள்ளிக்காரனோடு தொடர்புடையது தன்னைத் தவிர வேறென்ன இருக்கப் போகிறது என்று 'ஆம்' என்றாள்.

புள்ளிக்காரன் அந்த மூன்று நாளும் ஸ்டுடியோவில் ஒரு காட்சிக்கு விளக்குப் பிடிப்பதாகக் கணக்கு. அந்தக் காட்சியில் கதாநாயகியின் அப்பாவாக நடிப்பவர் இருந்தார். டேட்டாபேஸ் புள்ளிக்காரனோடு அவரையும் சேர்த்துத் துடைத்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து அப்பா நடிகருக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் கதவைத் திறந்தபோது போனவர் அடையாளம் தெரியாமல், "அப்பா இருக்காரா?" என்று கேட்டிருக்கிறார்.

"நான்தான்யா அது!"

மீசை இல்லை. படம் முழுக்க முறுக்கிக்கொண்டே வசனம் பேசிய மீசை. "ரெண்டு நாளா ஷீட்டுல என் பேரே இல்ல. எடுத்துட்டாங்கன்னு நினைச்சேன். வருத்தத்துல மழிச்சுட்டேன்" என்றாராம். அதைச் சொல்லும்போது அழுதுவிட்டாராம்.

அது ஷீட்டக்காவை உண்மையிலேயே உலுக்கிவிட்டது. ஜெனரேட்டர் வண்டி நின்றால் தள்ளலாம். பெரியவர் ஒருவர் தன்னை யாருக்கும் வேண்டாம் என்று நினைத்துக் கண்ணாடி முன்னால் நின்றது தன்னால்தானே! மேனேஜரின் அறைக்குத் தானாகவே போனாள்.

"தப்பு என்னுதுதான் சார். வேணும்னா நான் வேலையை விட்டுடறேன்."

மேனேஜர் கத்தவில்லை. கத்திக் கத்தித் தொண்டை போயிருந்தது. ஒரு காகிதத்தை மட்டும் தள்ளினார். அன்றைய குறை. 'ஷீட்டில் எழுத்து சிறியதாக உள்ளது. ஷீட் தயாரிப்பவர் நேரில் வந்தால்தான் இதற்கெல்லாம் ஒரு முடிவு வரும். - மலை யூனிட்.'

"போய்ட்டு வா" என்றார் கரகரத்த குரலில். "நாளைக்குக் காலையில வண்டி ஏறு. அங்க போய், இத்தனை நாளா உங்களுக்கு என்னதான்யா குறைன்னு கேட்டு, அவங்க வாயால 'குறை இல்ல'ன்னு எழுதி வாங்கிட்டு வா. ஒட்டு மீசை வர்றதுக்கு எப்படியும் ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் இங்க ஷூட்டிங் இல்ல; மலைக்கு இன்னைக்குப் போட்ட ஷீட்டே போதும்."

வேலை போகும் என்று நினைத்துப் போனவள், வெளியே வந்து மாடிப்படியின் பாதியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. கணவனிடம் சொல்லவில்லை. முன்னால் போய் நின்று அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

காலை ஆறு மணிக்கு வண்டி கிளம்பியது. ஏழு மணி நேரமும் அவள் பேச வேண்டியதைக் கோத்துக் கோத்துக் கலைத்தாள். மலையில் ஒரு குறுகலான திருப்பத்தில் எதிரே கம்பெனி வண்டி ஒன்று இறங்கி வந்தது. இவர்கள் வண்டி பின்னால் போய் ஒதுங்கி வழி விட்டது. டிரைவர்கள் கையை ஆட்டிக்கொண்டார்கள். அவள் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலையைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

ஒரு மணிக்கு மலை யூனிட் வந்தது. நாலைந்து கூடாரம், சேறு, மூடுபனி. எல்லோரும் மேலே சரிவில் படப்பிடிப்பில் இருந்தார்கள். தூரத்தில், பனிக்குள் பெரிய விளக்குகள் மங்கலாக எரிந்தன. அங்கேதான் இருப்பான். ஓடிப் போகலாமா என்று கால் பரபரத்தது. வேண்டாம், முதலில் குறைக்காரனை ஒரு கை பார்த்துவிட்டு, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியது இல்லாதவளாக அவன் முன்னால் போய் நிற்போம் என்று முடிவு செய்தாள்.

குறை எழுதும் கம்ப்யூட்டர் சாப்பாட்டுக் கூடாரத்தில் இருந்தது. அங்கேதான் இணையம் கிடைக்குமாம். சமையல்காரர் கரண்டியைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தார்.

"ஆபீஸ்ல இருந்து வர்றேங்க" என்றாள், கையிலிருந்த கட்டைப் பிரித்து. அறுபத்தொரு குறைகள். "இதையெல்லாம் யாரு எழுதறது?"

"அதுவாம்மா? எல்லாம் ஒரே ஆளுதான்" என்றார் அவர். "மத்தியானம் சாப்ட்டுத் தட்டைக் கழுவி வச்சுட்டு வந்து உக்காருவாரு. இன்னைக்கு என்ன குறை எழுதலாம்னு என்னையே கேப்பாரு. எழுத்து சின்னதா இருக்குன்னு எழுதுங்கன்னு நான்தான் சொன்னேன்." சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஷீட்டக்காவுக்குக் காது சிவந்தது. "ஓஹோ! கூப்பிடுங்க அந்த ஆளை. ரெண்டுல ஒண்ணு பாத்துட்டுத்தான் போவேன்."

"இன்னைக்கு இல்லையேம்மா! எங்க மேனேஜருக்கும் அலுத்துப் போச்சு. 'இனிமே எழுதாதே, நேர்ல ஆபீஸுக்கே போய் சொல்லிட்டு வா'ன்னு காலையில கீழ போற வண்டியில ஏத்தி விட்டுட்டாரு. பரிசு விழுந்தவன் மாதிரி துள்ளிக் குதிச்சு ஏறினாரு."

"ஏறுவாரு, ஏன் ஏறமாட்டாரு! அப்படி என்னங்க பெரிய குறையைக் கண்டுட்டாரு அந்த ஷீட்டுல?"

சமையல்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஷீட்டுல என்னம்மா குறை? அதைப் போடறது அவரு பொண்டாட்டியாம், பாத்து அஞ்சு மாசம் ஆச்சாம். குறைன்னு எழுதினாலாவது ஒரு நாள் இங்க அனுப்பி வைக்கமாட்டாங்களான்னு எழுதிக்கிட்டே இருந்தாரு, பாவம்."