மறைந்தவர் நேரில் வருகிறார்

"ஹலோ, நான் செத்துட்டேன்னு உங்க ஸ்கூல்லேர்ந்து ஒரு கடிதம் வந்திருக்கு," என்றது ஃபோனில் ஒரு கணீர்க் குரல். "என்னைக்குச் செத்தேன்னு மட்டும் போடலை. அதைக் கேட்டுக்கலாம்னுதான் கூப்பிட்டேன்."

கிளார்க்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாளைய நினைவுக் கூட்டத்துக்கான நிகழ்ச்சிப் புத்தகங்கள் முந்நூறும் அப்போதுதான் அச்சகத்திலிருந்து வந்து மேசைமேல் அடுக்கியிருந்தன. ஒன்றைப் பிரித்தார். 'நம்மை விட்டுப் பிரிந்த பழைய மாணவர்கள்' பதின்மூன்று பேர். பதின்மூன்றாவது ஆள்தான் இப்போது லைனில் இருந்தார்.

"சார்... அது அச்சுப் பிழையா இருக்கும் சார்."

"பேரு சரி, இனிஷியல் சரி, படிச்ச வருஷம் சரி, ரயில் ஓட்டி ரிட்டயர் ஆனது வரைக்கும் சரி. உயிர் மட்டும்தான் பிழையாப் போச்சாக்கும்?"

அந்தத் தனியார் பள்ளியில் இதற்கென்று ஒரு நடைமுறை இருந்தது. பழைய மாணவர் ஒருவர் மறைந்த செய்தியை யாராவது படிவத்தில் நிரப்பி அனுப்புவார்கள். கிளார்க் அந்த வீட்டுக்கு ஃபோன் பண்ணி உறுதிசெய்துகொள்ள வேண்டும். "ஏங்க, உங்க வீட்டுக்காரர் நிஜமாவே போயிட்டாரா?" என்று எப்படி ஐயா கேட்பது? பன்னிரண்டு வீட்டில் கேட்டார். பன்னிரண்டிலும் அழுதார்கள். கூடவே இவரும் அழுது, மூக்கைச் சிந்தி, போதுமடா சாமி என்று பதின்மூன்றாவது வீட்டைக் கேட்காமலே டைப் அடித்துவிட்டார்.

இத்தனைக்கும் மூன்று வருஷமாக அவர் தற்காலிகக் கிளார்க். "கூட்டம் ஒரு குறையும் இல்லாம முடியட்டும். அன்னைக்கே உங்க வேலையை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போடறேன்" என்று பிரின்சிபல் அம்மா சொல்லியிருந்தார். கிளார்க்கின் மனைவி இந்தச் செய்தியைத் தன் மூன்று அக்காமாருக்கும் அறிவித்து, வாழ்த்துகளும் வாங்கி முடித்திருந்தாள்.

"சார், உங்க பேரை இப்பவே எடுத்துடறேன் சார்."

"யாரு எடுக்கச் சொன்னா?" குரல் எகிறியது. "அடிச்சது அடிச்சபடியே இருக்கட்டும். ஆமா, என்னைப் பத்தி யார் பேசப்போறா?"

மறைந்தவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்தான் அவரைப் பற்றி இரண்டு நிமிஷம் பேச வேண்டும். அது பள்ளி தொடங்கிய நாளிலிருந்து வழக்கம். கிளார்க் பட்டியலைப் பார்த்தார். "பல் டாக்டர் சார் பேசறார்."

கணீர்க் குரல் சட்டென்று இறங்கியது.

"அவன் ஒத்துக்கிட்டானா?"

"ஒத்துக்கிட்டார் சார்."

"நாளைக்கு நான் நேர்ல வர்றேன்," என்று ஃபோனை வைத்துவிட்டார் ரயில்காரர்.

வந்து என்ன செய்வார்? மேடையில் ஏறி மானத்தை வாங்குவார். வேலை போச்சு. மூன்று அக்காமாரின் முகமும் வரிசையாகக் கண்முன் வந்து போயிற்று. சரி, புத்தகத்தில் பெயரே இல்லையென்றால் எதை வைத்துச் சண்டை போடுவார் என்று கிளார்க் ஒரு தடித்த கறுப்பு மார்க்கரை எடுத்தார். முந்நூறு புத்தகத்திலும் பதின்மூன்றாவது பெயரை அடித்தார். மணிக்கட்டு கழன்றுவிடும்போல இருந்தது. கடைசிப் புத்தகத்தை முடித்து, பெருமூச்சு விட்டு, பக்கத்தைத் திருப்பினார்.

பின்பக்கத்தில் பிரின்சிபல் அம்மாவின் வாழ்த்துரை, புகைப்படத்தோடு. மை ஊறி இறங்கி, அம்மாவுக்கு மேலுதட்டில் அம்சமாக ஒரு மீசை.

முந்நூறு மீசை!

வேறு வழியில்லாமல் அந்தத் தாளையே கிழித்தார். நடுவில் பின் அடித்த புத்தகம் சும்மா விடுமா? அந்தத் தாளின் மறுபாதியில்தான் நிகழ்ச்சி நிரல் இருந்தது. அதுவும் கையோடு வந்துவிட்டது. மிச்சமிருந்ததில் பள்ளி வரலாறும் ஒரு வெற்றுப் பக்கமும்தான்.

மறுநாள் காலை அரங்கத்துக்கு ஓடினார். மேடையில் பதின்மூன்று நாற்காலி, ஒவ்வொன்றிலும் ஒரு படம், படத்துக்கு ஒரு வெள்ளைப் பூ. ரயில்காரரின் படத்தைக் கிளார்க் எடுத்து அலமாரியில் பூட்டிவிட்டு வாசலுக்கு வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

ஆபீஸ் அக்கா நல்ல பொறுப்பானவர். ஒரு நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்தார். கூட்டம் தொடங்க ஐந்து நிமிஷம்தான் இருந்தது. பிரின்சிபல் அறைக்கு ஓடி, சுவரில் மாட்டியிருந்த ஒரே படத்தை யாருடையது என்றுகூடப் பார்க்காமல் கழற்றி வந்து வைத்து, பூவையும் நேராக்கிவிட்டுப் போனார்.

பிரின்சிபல் அம்மா மேடையேறினார். பதின்மூன்றாவது நாற்காலியில் தாமே பூவோடு வீற்றிருப்பதைப் பார்த்தார்.

"இது எப்போ நடந்துச்சு?" என்று கிளார்க்கை மேடைக்குக் கூப்பிட்டுக் கேட்டார்.

"மேடம்... அது... வரிசை நிறைவா இருக்கட்டும்னு..."

"நான் இன்னும் போகலை. கூட்டம் முடிஞ்சதும் என்னை வந்து பாருங்க."

படத்தை இடுக்கிக்கொண்டு இறங்கினால், எதிரே ரயில்காரர்! உயரமான மனுஷர், தேய்த்துப் போட்ட வெள்ளைச் சட்டை, கூடவே மகள். கிளார்க் பாய்ந்துபோய் இருவரையும் கடைசி வரிசைத் தூணுக்குப் பின்னால் உட்கார வைத்தார்.

"சார், கெஞ்சிக் கேட்கறேன். சத்தம் மட்டும் போட்டுடாதீங்க. குடும்பஸ்தன்."

"இங்கேர்ந்து காது கேட்குமா?" என்றார் ரயில்காரர். மகள் என்னவோ குனிந்து கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தாள்.

இனி மிச்சம் பல் டாக்டர் ஒருவர்தான். அவர் வாயை மூடிவிட்டால் பிழைத்தோம். கிளார்க் குனிந்தபடியே முன்வரிசைக்குப் போனார். பக்கத்திலேயே பிரின்சிபல் அம்மா. வெளிப்படையாக எதையும் சொல்ல வழியில்லை.

"டாக்டர், நீங்க இன்னைக்குப் பேச வேணாம்."

பல் டாக்டர் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. "நாற்பத்தஞ்சு வருஷம் பேசாம இருந்தது போதாதா? இன்னைக்கும் வாயை மூடுன்னு சொல்றீங்களா? தள்ளுங்க!"

அந்த வேகத்தில் அவர் முறை வருவதற்கு முன்பே மைக்கைப் பிடித்துவிட்டார்.

"என் பெஞ்சுக்காரன், நல்ல கோல்கீப்பர்," என்று தொடங்கினார். "பத்தாம் வகுப்பு பரீட்சையன்னைக்குப் பள்ளிக்கூட மணி காணாமப் போச்சு. மணி அடிக்காட்டி பரீட்சை நடக்காதுன்னு ஒரு முட்டாள் அதைத் தண்ணித் தொட்டியில போட்டுட்டான். பழி இவன் மேல விழுந்துச்சு. இறுதி ஆட்டத்துல இவனைச் சேர்க்கலை. யார் போட்டதுன்னு இவனுக்குத் தெரியும். காட்டிக்குடுக்கலை. நானாச் சொல்லுவேன்னு காத்திருந்தான்."

கண்ணாடியைக் கழற்றினார்.

"போட்டது நான். சொல்லப் பயம். அப்புறம் வெட்கம். அப்புறம் இத்தனை நாள் கழிச்சு என்னன்னு சொல்றதுன்னு ஒரு வீம்பு. நேத்து வரைக்கும் இதே ஊர்லதான்டா இருந்தே. ஒரு தடவை உன் வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பினேன். என்னை மன்னிச்சுடுடா."

அரங்கமே மூக்கைச் சிந்தியது. கிளார்க்கும்தான், தன் வேலையை நினைத்தா, அவர் பேச்சைக் கேட்டா என்று அவருக்கே தெரியவில்லை.

தூணுக்குப் பின்னாலிருந்து ரயில்காரர் எழுந்தார்.

"வாசல் வரைக்கும் வந்தவன் மணியை அடிக்கறதுக்கு என்னடா கேடு?"

மைக் 'தொப்'பென்று விழுந்தது. முன்வரிசையில் ஒருவர் வீலென்று கத்தினார். அறுபதைத் தாண்டிய பல் டாக்டர் மேடையிலிருந்து குதித்து ஓடினார். நடுவழியில் இருவரும் கட்டிக்கொண்டார்கள். "பாவி, பாவி" என்று ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டதில் வெள்ளைச் சட்டை கசங்கிப்போனது. மற்றப் பன்னிரண்டு பேரின் குடும்பத்தாரும் அழுதபடியே சிரித்தார்கள், கை தட்டினார்கள்.

பிரின்சிபல் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார். கையில் நிரந்தர நியமனக் காகிதம், இன்னும் கையெழுத்தில்லாமல்.

"இவர் வீட்டுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டீங்களா, இல்லையா?"

இனி மறைக்க என்ன இருக்கிறது! "கேட்கலை மேடம். மனசு வரலை. தப்பு என்மேலதான்."

"உயிரோட இருக்கறவருக்குப் படிவம் அனுப்பின மகராசன் யாரு? அதையாவது சொல்லுங்க."

ரயில்காரரின் மகள்தான் மெல்ல முன்னால் வந்தாள்.

"அவரைத் திட்டாதீங்க மேடம், அவர் கேட்டிருந்தாலும் நான் அழுதுதான் காட்டியிருப்பேன், 'நான் செத்தாத்தான் அவன் வாயைத் திறப்பான், எழுதும்மா'ன்னு அப்பா சொல்லச் சொல்ல, அந்தப் படிவத்தை நிரப்பினதே நான்தான்."