குறி தப்பாத கல்

பரளச்சி ஊர் நல்லமுத்துவுக்கும் மயிலுக்கும் ஆகாது.

புரட்டாசி மழையில் ஈரம் பார்த்து மூன்று ஏக்கரில் மக்காச்சோளம் ஊன்றினார். மறுநாள் காலையில் மயில்கள் வந்தன. அவர் ஊன்றிய அதே வரிசையில், ஒரு விதை விடாமல் கிளறித் தின்றுவிட்டுப் போயின. வேலியில் வலை கட்டிவிட்டு மறுபடி ஊன்றினார். இரண்டாம் பந்தி நடந்தது. அன்றைக்கு டீக்கடை பெஞ்சில் ஏறி நின்று சபதம் போட்டார்.

"இனி எம்புஞ்சையில ஒரு மயிலு கால வச்சுச்சுன்னா, அந்தக் காலு அதுக்கு இல்ல!"

"உள்ள போயிருவ மச்சான்," என்றார் பக்கத்துப் புஞ்சைக்கார விஜயபாண்டி. "தேசியப் பறவை. ஏழு வருசம்னு சொல்றாக."

"கல்லெறிஞ்சு வெரட்டத்தான போறேன்? பட்டாத்தான கேசு?"

"அதுவும் சரிதேன். ஒங்கல்லு எங்க படப்போகுது?"

கடையே சிரித்தது. நல்லமுத்துவை எதைச் சொன்னாலும் பொறுத்துக்கொள்வார், அவருடைய குறியைச் சொன்னால் மட்டும் பொறுக்கமாட்டார். பன்னிரண்டு வயதில் மாங்காய்க்கு எறிந்து வாத்தியார் வீட்டு ஓட்டை உடைத்தவர். கல்யாணமான புதிதில் பாம்புக்கு எறிந்து தண்ணீர்க் குடத்தை உடைத்தவர். "நா கொடத்துக்குத்தேன் குறி வச்சேன்" என்று இன்றைக்கு வரைக்கும் சாதிக்கிறார்.

மறுநாள் காலை. பொழுது விடியுமுன்னே களை பார்க்கப் போன தங்கலட்சுமி, வேர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு வந்தாள்.

"ஏங்க, கெழக்கு வரப்புல, தட்டைப் படப்புக்கிட்ட மயிலு மேயுதுங்க. போயி ரெண்டு கல்ல விடுங்க."

பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் கல்லெறியச் சொல்லி அவளாக வந்து கேட்டது அதுதான் முதல் தடவை. நல்லமுத்துவுக்கு உச்சி குளிர்ந்தது. துண்டை இறுக்கிக் கட்டினார். புஞ்சைக்குப் போனார். உருண்டையாக ஒரு கல் பொறுக்கினார். ஒற்றைக் கண்ணை மூடினார். விட்டார்.

மூன்று மயில்கள் படபடத்துப் பறந்தன. சோளத்தட்டை குவித்திருந்த படப்புக்கு அடியிலிருந்து 'கீய்ங்' என்று ஒரு சத்தம் வந்தது.

"பட்டுருச்சு!" என்று கத்திக்கொண்டு ஓடினார். அது சந்தோஷம். கிட்டப் போய்ப் பார்த்ததும், "அய்யய்யோ, பட்டுருச்சு!" என்று மறுபடி கத்தினார். அது பயம்.

உள்ளங்கை நிறையும் அளவுக்கு ஒரு மயில் குஞ்சு. இடதுகால் துவண்டு கிடந்தது. காலில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. மயில் குஞ்சுக்குக் கால் அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டார். இத்தனை பக்கத்தில் யார் பார்த்தது? தாயோ பறந்துபோய்விட்டது. அந்தப் பக்கம் ரோட்டிலிருந்து ஒரு நாய் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தது.

குஞ்சு அவரை நிமிர்ந்து பார்த்தது. முருகனுடைய வண்டியையே பஞ்சராக்கிவிட்டோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். செத்தால் பாவம், வெளியில் தெரிந்தால் ஏழு வருஷம், டீக்கடைக்குத் தெரிந்தால் ஆயுளுக்கும் கேலி. துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

வாசலில் தங்கலட்சுமி நின்றாள். "என்னங்க அது?"

"கோழிக்குஞ்சு. சண்டைக்கோழிச் சாதி. பந்தல்குடிக்காரர் ஒருத்தர்ட்ட வாங்குனேன்."

"காலு ஒடைஞ்சிருக்கே?"

"பஸ்ஸுல எவனோ மிதிச்சுட்டான்."

"நீங்க புஞ்சைக்குத்தான போனீக? பஸ்ஸு எங்கிட்டு வந்துச்சு?"

"பந்தல்குடிக்காரரு பஸ்ஸுல வந்தாருல்ல!"

"கழுத்து ஏங்க இம்புட்டு நீளம்?"

"எட்டிக் கொத்தணும்ல? சண்டைக்கோழின்னா சும்மாவா?"

தங்கலட்சுமி குஞ்சை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். விளக்குமாற்றுக் குச்சி இரண்டை ஒடித்து, காலுக்கு இரு பக்கமும் வைத்து, மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்துத் துணிக்கட்டுப் போட்டாள். பெண்பிள்ளையை ஏமாற்றுவது இத்தனை லேசா என்று நல்லமுத்துவுக்கே ஆச்சரியம்.

"நல்ல நேரத்துலதேன் வாங்கியாந்தீக," என்றாள் அவள், கட்டை முடிச்சுப் போட்டுக்கொண்டே. "தீவாளிக்கு எந்தம்பி வாரான். அதுக்குள்ள இது தேறிரும். கொழம்பு வச்சுருவோம்."

நல்லமுத்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். தீபாவளிக்கு முப்பது நாள் இருந்தது. அதற்குள் கால் கூடிப் பறந்துபோனால் பிழைத்தது. கூடாவிட்டால் குழம்பு. இது மயில் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குழம்பிலிருந்து தப்பும். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லத்தான் அவருக்கு வாய் இல்லை.

"பூனை தூக்கிட்டுப் போகாம இருக்கணும்," என்று தங்கலட்சுமி வேப்பமரத்துக் காக்காயிடம் சொன்னாள். "ஒரு கூடு இருந்தாலாச்சும்..."

அவள் வளர்க்கும் கோழிகளுக்கு ஒரு கூடு அடித்துத் தரச் சொல்லி ஆறு வருஷமாகக் கேட்கிறாள். ஆறு வருஷமாக அது 'அடுத்த வாரம்' ஆகிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை இரண்டே நாளில் முடிந்தது. பழைய கதவைப் பலகையாக அறுத்து, கம்பிவலை அடித்து, தகரம் வேய்ந்து, தாழ்ப்பாளும் போட்டார். கட்டைவிரலில் எட்டு அடி, ஆணியில் நாலு அடி.

"சண்டைக்கோழின்னா கரையான் குடுக்கணும்பாக," என்றாள் அடுத்து.

எட்டு மணிக்கு எழுந்து காபி எங்கே என்று கேட்கிற மனிதர், ஐந்து மணிக்கே ஓடைக்கரைக்குப் போனார். சாணியும் வைக்கோலும் அடைத்துக் கவிழ்த்து வைத்த பானையைத் தூக்கி, ஏறியிருந்த கரையானை உதறிக்கொண்டு வந்தார். தினமும். குஞ்சு அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே ஒற்றைக்காலில் துள்ளிக்கொண்டு கம்பிக்கு வந்துவிடும். பெற்ற பிள்ளைகளுக்கு ஒருவாய் சோறு ஊட்டியதில்லை அவர். இதற்கு ஒவ்வொரு கரையானாக ஊட்டினார். மனதுக்குள் பேர்கூட வைத்துவிட்டார், வெளியே சொல்லவில்லை.

பதினைந்தாம் நாள் விஜயபாண்டி கையில் காகிதத்தோடு வந்தார். மயில் தொல்லைக்கு விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப்போகிற மனு.

"மொதக் கையெழுத்து நீதேன் மச்சான். சபதம் போட்ட ஆளுல்ல?"

நல்லமுத்து கையெழுத்துப் போடக் குனிந்தார். கூட்டுக்குள்ளிருந்து 'கீய்ங்' என்றது.

விஜயபாண்டி காதைத் தீட்டினார். "என்னய்யா அது? மயில் குஞ்சு சத்தமால்ல இருக்கு?"

"நாந்தேன்!" என்றார் நல்லமுத்து.

"நீயா?"

"மனுக் குடுக்கைல ஆபீசரு கேட்டா, எப்படிக் கத்துதுன்னு காட்ட வேணாமா? பழகுறேன்." கழுத்தை நீட்டி, கண்ணை இறுக்கி மூடி, "கீய்ங்" என்றார்.

கூட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. அவர் அவசரமாக இன்னொரு தரம் கத்தினார். அதுவும் கத்தியது. இவரும் கத்தினார். அடுப்படியிலிருந்து தங்கலட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, அண்ணனுக்குச் சரியா கேட்டிருக்காது. தோகை விரிச்சு ஆடுறதையும் சேத்துக் காட்டுங்க."

ஆடினார். துண்டைத் தோகையாகப் பிடித்துக்கொண்டு வாசலை ஒரு சுற்று ஆடினார். விஜயபாண்டி மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "தங்கச்சி, மச்சான வெயில்ல விடாத," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருபதாம் நாள் குஞ்சின் தலையில் கொண்டை முளைத்தது. சின்ன விசிறியை நட்டு வைத்த மாதிரி நின்றது.

"இதென்னங்க கொண்டை, ஒரு தினுசா இருக்கு?"

"சாதிக்கோழி. ஒசந்த சாதின்னா அப்படித்தேன்."

"சத்தமும் ஒரு மாதிரியா இருக்கே?"

"சளி பிடிச்சிருக்கு."

"அப்படியா? பாவம். தூதுவளையும் மெளகும் தட்டிப்போட்டு ரசம் வைங்க. எனக்குக் கை வேலையாயிருக்கு."

வைத்தார். குஞ்சு தொடவில்லை. அவரே குடித்தார்.

தீபாவளிக்கு முதல்நாள். தம்பி மாலை பஸ்ஸில் வருவதாகப் போன் வந்தது. தங்கலட்சுமி அம்மியில் மசாலா அரைக்க உட்கார்ந்துவிட்டாள். நல்லமுத்து கூட்டுக்கு ஓடினார். அதைத் திறந்து, துணிக்கட்டை அவிழ்த்தார். கால் கூடியிருந்தது. குஞ்சு ஓரடி வைத்தது. இன்னோரடி. பிறகு வாசலில் ஓடவே ஓடியது.

"பறந்துருடா," என்று கிசுகிசுத்தார். "கொழம்புக்கு மசால் அரைக்கிறாடா. போயிருடா என் ராசா."

அது அவர் கால்விரலைக் கொத்திவிட்டு நின்றது. அப்போது புஞ்சைப் பக்கமிருந்து மயில் அகவியது. குஞ்சு தலையைத் தூக்கியது. இறக்கையை அடித்துக் கூட்டின் மேல் ஏறியது. அங்கிருந்து வேப்பமரம். அங்கிருந்து தெருவைத் தாண்டி, கருவேலங்காட்டைத் தாண்டி, கிழக்கே.

நல்லமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. உடனே மார்பும் நிமிர்ந்துவிட்டது. உயிரும் பிழைத்தது. ஜெயிலும் இல்லை. ஊருக்கும் தெரியாது. வென்ற மனிதருக்கு வாய் சும்மா இருக்குமா? நேரே அடுப்படிக்குப் போனார்.

"ஏய் தங்கம், அரைக்கிறத நிப்பாட்டு. கோழி பறந்துபோச்சு."

"கோழி எங்கயாச்சும் பறக்குமாங்க?"

"அது கோழியே இல்ல! மயிலு! முப்பது நாளா ஒன் வீட்டுக்குள்ளயே வச்சு, ஒங்கையாலயே வைத்தியம் பாக்க வச்சு, ஒங் கண்ணுல மண்ணத் தூவுனேன் பாத்தியா? அது மட்டுமா? அம்பதடி தூரம். ஒரே கல்லு. சரியா கால்ல பட்டுச்சு! எங்குறியப் பத்திச் சிரிச்சானுகளே, அவனுகளுக்கு இதச் சொல்ல முடியலையேன்னுதேன் எனக்கு இப்ப வருத்தம்!"

தங்கலட்சுமி கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். வாசலுக்குப் போய், "பா... பா..." என்று கோழிகளைக் கூப்பிட்டாள். பதினோரு கோழிகளும் வரிசையாகப் புதுக்கூட்டுக்குள் நுழைந்தன. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"மயிலு வராம நீங்க கட்டுன வேலிவலையிலதேன் அது கால் மாட்டி ஒடிஞ்சு கெடந்துச்சு. நாந்தேன் எடுத்து, மஞ்சப் பத்துப் போட்டேன். 'மயில் குஞ்சு, வளக்கட்டா'ன்னு கேட்டா நீங்க வாசப்படி ஏத்துவீகளா? அதேன் படப்புக்கு அடியில வச்சுட்டு வந்து ஒங்கள எறியச் சொன்னேன்."

நல்லமுத்துவுக்குக் குஞ்சின் காலில் ஒட்டியிருந்த மஞ்சள் நினைவுக்கு வந்தது. வாழ்நாளில் பட்ட ஒரே கல்லும் படவில்லை. இருந்தும் ஒரு பிடி மிச்சமிருந்தது அவருக்கு.

"அடிப்பாவி! நா எறிஞ்ச கல்லு நெசமாவே அது மேல பட்டிருந்தா?"

"அதுக்குத்தேன நீங்க குறி வைக்கிற எடமாப் பாத்து வச்சேன்," என்றாள் தங்கலட்சுமி. "பரளச்சியிலயே அதவிடப் பத்திரமான எடம் ஏது?"