மரக்கடைக்காரர் திருந்தியது குறித்து ஒரு புகார்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதிக்கொண்டது. இங்கு நானும் அம்மாவும் நலம் என்று எழுதுவது மரபு என்பதால் எழுதிவிட்டேன். உண்மை நிலவரம் கீழே வருகிறது. அங்கு நீயும் உன் மனைவியும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதென்ன, திங்கள் முதல் சனி வரை ஏழரை மணிக்கு உன்னைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். கன்னத்தில் சதை போட்டிருக்கிறது. உப்பைக் குறை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நான்கு முறை முயன்றேன். நான்கு முறையும் உன் மேக்கப்காரர்தான் எடுத்தார். சார் ஷாட்டில் இருக்கிறார், அழுதுகொண்டிருக்கிறார், முடிந்ததும் பேசச் சொல்கிறேன் என்றார். நீ அழுது முடிப்பதாகத் தெரியவில்லை. ஆகவே எழுத்து மூலம் தெரிவிக்கிறேன். குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்குகிற ஜன்னலில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். யார் வீட்டுக் குழாயில் என்ன வருகிறது, யார் வீட்டில் ஒன்றுமே வரவில்லை என்று ஊர்ப் புகாரையெல்லாம் வாங்கி முத்திரை குத்தியவள், என் சொந்தப் புகாரை இப்போதுதான் முதல்முறையாக எழுதுகிறேன். பொருள்: உங்கள் தொடரில் வரும் மரக்கடைக்காரர் திருந்தியது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இந்த வேஷம் உனக்குக் கிடைத்தபோது முப்பது நாள் வேலை என்று சொன்னாய். மரக்கடை முதலாளி, பெண்டாட்டியையும் பெண்ணையும் போட்டு அடிக்கிறவன், முப்பதாவது நாள் லாரியில் அடிபட்டுச் செத்துப்போவான். அதுவரை போலீஸ்காரனாகவும் பிணத்தைப் பார்த்துத் தலையாட்டும் டாக்டராகவும் ஓரமாக வந்துபோன உனக்கு முப்பது நாள் என்பது பெரிய விஷயம் என்று நானும் அம்மாவும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தோம். வாசல் கதவுக்கு வெளியே இரண்டு கனைப்பு. அப்புறம் நீ உள்ளே வந்தாய். செருப்பைக் காலாலேயே தள்ளிவிட்டு, யாரையும் பார்க்காமல் மேஜைக்குப் போய், வாட்சைக் கழட்டி, முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தாய். அவ்வளவுதான். நாற்பத்தாறு வயசுப் பொம்பளை நான், அரசாங்க உத்தியோகம், டிவியில் ஒருத்தன் வாட்சைக் கழட்டினதுக்குக் குளியலறைக்குள்ள ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் அம்மா சோற்றில் கையை வைத்தபடி அப்படியே இருக்கிறாள். அப்பா செத்து அப்போது மூன்று வருஷம்.

உனக்குப் போன் பண்ணினேன். நீ சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு. "வேற யாரைப் பார்த்துக்கா நடிக்கிறது? எனக்குத் தெரிஞ்ச கெட்டவர் அவர் ஒருத்தர்தானே."

சத்தியமாச் சொல்றேன், எனக்குக் கோபம் வரலை. சந்தோஷம்தான் வந்தது. அப்பாவைப் பத்தி வெளியில என்ன பேர்னு உனக்குத் தெரியும். ஊர்ல பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுத்தவர். கியர் போடத் தெரியாம சுவர்ல கொண்டுபோய் முட்டினவனைக்கூட 'பரவாயில்ல, பழகிடும்'னு தோள்ல தட்டினவர். தங்கமான மனுஷன், பொறுமைக்கு அவர்தான்னு சொல்லாத ஆள் கிடையாது. அந்தப் 'பரவாயில்ல' எல்லாம் தெருவோட தீர்ந்துபோய், வாசல்ல ரெண்டு தடவை கனைச்சிட்டு அவர் உள்ள வரும்போது நமக்குன்னு ஒண்ணுகூட மிச்சம் இருக்காது. அப்படிப்பட்டவரை இப்ப ஊரே சேர்ந்து திட்டுது. காய்கறிக் கடையில உன்மேல ஒரு பாட்டி தக்காளியை விட்டு எறிஞ்சதா நீ பெருமையா சொன்னியே, அந்தத் தக்காளி அப்பா மேல விழுந்ததாத்தான் நான் எடுத்துக்கிட்டேன். என் ஜன்னலுக்கே ஒரு அம்மா வந்து, பத்து நாளா தண்ணி வரலைன்னு ஆரம்பிச்சவங்க, பேச்சுவாக்குல 'அந்த மரக்கடைக்காரன் நாசமாப் போக'ன்னு கால் மணி நேரம் மூச்சு விடாம திட்டினாங்க. அன்னைக்குச் சாயந்திரமே அவங்க வீட்டுக்குத் தண்ணி லாரி போச்சு. என் உத்தியோகத்துல நான் செஞ்ச ஒரே முறைகேடு அதுதான்.

அப்புறம் வரவேண்டிய அந்த லாரிதான் வரலை. திட்டறதுக்காகவே ஜனங்க பார்க்கறாங்கன்னு டைரக்டர் கண்டுபிடிச்சார், முப்பது நாள் முந்நூறு ஆச்சு. அப்புறம் யாரோ ஒரு மகராசி, அடிக்கும்போதுகூட அவர் கண்ணுல ஒரு சோகம் தெரியுதுன்னு எழுதிப் போட்டாளாம். சோகம் என்னடி சோகம், எங்க அப்பா கண்ணுல எதுவும் தெரியாது. ஆனா நீ அதைப் பிடிச்சுக்கிட்டே. மூணாவது வருஷம் உனக்குப் பொண்ணு பிறந்துச்சு. அதுக்கப்புறம் ஓங்கின கை பாதியில நிக்க ஆரம்பிச்சது. டைரக்டர் எழுதலை, நீயாத்தான் நிறுத்தினேன்னு உன் மனைவியே சொன்னா. நாலாவது வருஷம் நெஞ்சு வலி. அஞ்சாவது வருஷம் ஒரு நாய்க்குட்டி. ஆறாவது வருஷம் பெண்டாட்டிக்கு டீ போட்டுக் கொடுத்தே, அதுல சர்க்கரை சரியா இருக்கான்னு வேற கேட்டே. ஏழாவது வருஷம் பேத்திக்குத் தலை பின்னி விட்டே. எல்லாம் நல்லதுதான், யாரோ ஒரு மரக்கடைக்காரர் எப்படிப் போனா எனக்கென்ன. ஆனா அதே ரெண்டு கனைப்பு, அதே செருப்பைத் தள்ளறது, அதே வாட்ச். நாய்க்குட்டியைக் குளிப்பாட்டறதுக்கு முன்னாடி வாட்சைக் கழட்டிக் கவிழ்த்து வைக்கிறே. நான் இங்க எழுந்து உள்ள போயிடறேன், ஊரே உச்சுக் கொட்டுது. நடிகர் மாறினா திரையில கீழ ஒரு வரி போடுவாங்களே, 'இனி இவருக்குப் பதில் இவர்'னு. நம்ம வீட்டுல அந்த வரியைப் போடாமலே நீ ஆளை மாத்திட்டே.

இதுல அம்மா கதையைக் கேளு. முதல் வருஷம் ஏழரைக்கு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டுப் படுத்திருந்தவ. ரெண்டாவது வருஷம் எழுந்து கதவோரம் நின்னா. நெஞ்சு வலி வந்தப்ப நாற்காலியைக் கொண்டுவந்து போட்டா. நாய்க்குட்டி வந்ததும் நாற்காலி ஒரு அடி முன்னால வந்தது. இப்ப டிவிக்கும் அவளுக்கும் நடுவுல ஒரு தம்ளர் வைக்க இடமில்லை. போன மாசம் பெட்டிக்கு அடியில நான் தள்ளி வெச்சிருந்த அப்பா போட்டோவை எடுத்துத் துடைச்சு, பெரிசு பண்ணி மாட்டணும்னு என்னையே ஸ்டுடியோவுக்கு அனுப்பினா. ஸ்டுடியோக்காரர் போட்டோவைப் பார்த்துட்டு, இவர் அந்த சீரியல் பெரியவர் மாதிரியே இருக்காரே, நல்ல மனுஷனா இருந்திருப்பாருன்னார். ஆமாங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பக்கத்து வீட்டுக்காரம்மாகிட்ட அம்மா சொல்றது என் காதுபடவே நடந்தது: 'கடைசிக் காலத்துல ரொம்ப மாறிட்டாரு. எனக்கு டீயெல்லாம் போட்டுக் கொடுப்பாரு.' தம்பி, அவர் கடைசியா டீயைத் தொட்டது அம்மா மேல ஊத்தினப்பதான். அது அவர் சாகறதுக்கு எட்டு நாள் முன்னாடி.

சரி, வயசானவ, எதையோ நினைச்சுச் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். மூட்டு வலிக்கு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். அவர் அம்மாவோட இடது கையில வளைஞ்சு கிடக்கற விரலைப் பார்த்துட்டு இது எப்படின்னு கேட்டார். கதவுல நசுங்கிடுச்சுன்னா. எந்தக் கதவுன்னு நான் கேட்கலை. அவ விரல், அவ இஷ்டம்னு மருந்துச் சீட்டை வாங்கிக்கிட்டு வந்தேன். அடுத்த வாரம் எனக்குக் காது பரிசோதனை. ஆபீஸ்ல புகார் சொல்ல வர்றவங்க இடது பக்கமா நின்னு பேசினா எனக்கு ஒண்ணும் விழறதில்லை, அதனால அனுப்பினாங்க. எத்தனை வருஷமா கேட்கலைன்னு பரிசோதனை செய்யறவர் கேட்டார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, துணைக்கு வந்த அம்மா முந்திக்கிட்டா. 'அவளுக்குச் சின்ன வயசுல காய்ச்சல் வந்து போயிடுச்சு.' எவ்வளவு சகஜமாச் சொன்னாங்கறே. அவர் காய்ச்சல்னு எழுதிக்கிட்டார். என் பேருக்கு நேரா, அரசாங்கப் பேப்பர்ல.

உனக்கு அப்ப ரெண்டு வயசு, தெரிஞ்சிருக்காது, நானும் இதுவரை சொன்னதில்லை. பள்ளிக்கூட ரிப்போர்ட்ல அப்பா கையெழுத்தை நானே போட்டேன், மார்க்கைக் காட்டப் பயந்துக்கிட்டு. அன்னைக்கு ரெண்டு கனைப்பு, செருப்பு, வாட்ச். ரெண்டாவது அடிக்கு அம்மா குறுக்க வந்து கையை நீட்டினா. அந்த விரல்தான் இந்த விரல். அப்படியும் மூணாவது அடி என் காதுக்கு வந்து சேர்ந்துடுச்சு. அந்த வீட்டுல எனக்காக ஒருத்தர் செஞ்ச ஒரே காரியம் அதுடா, அம்மா கையை நீட்டினது. அதைக் கொண்டுபோய் ஒரு கதவு தலையில கட்டிட்டா. அந்த நாளைப் பார்த்தவங்க மூணே பேர். ஒருத்தர் செத்தாச்சு. ஒருத்தி கட்சி மாறிட்டா. மிச்சம் நான்தான், எனக்கும் ஒரு காதுதான் கேட்குது.

போன வெள்ளிக்கிழமை சீரியல்ல நீ அந்த மரக்கடைக்காரர் பொண்ணு காலடியில உட்கார்ந்து 'நான் செஞ்சதெல்லாம் தப்பும்மா'ன்னு சொன்னியே, அம்மா தேம்பித் தேம்பி அழுதா. அழுது முடிச்சு மூக்கைத் துடைச்சுக்கிட்டு, என் பக்கம் திரும்பி, "கேட்டியா? அவரே மன்னிப்புக் கேட்டுட்டாரு. இனிமேயாவது எதையும் மனசுல வெச்சுக்காதே" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லலை. எனக்குப் புத்தி சொன்னா. நான் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்ச்சேன். தேய்ச்ச பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்ச்சேன்.

ஆகவே கேட்டுக்கொள்வது என்னவென்றால், அந்த ஆளை மறுபடி கெட்டவனாக்கு. நாய் செத்துப்போச்சுன்னு புத்தி மாறினதா வை, சொத்துத் தகராறுன்னு வை, உங்களுக்கா காரணம் கிடைக்காது. முடியாதுன்னா முப்பதாவது நாள் வரவேண்டிய லாரியை இப்பவாவது வரச்சொல். அதுவும் முடியாதுன்னா நீ விலகிடு, வேற தொண்டை வேற மாதிரி கனைச்சுக்கிட்டு நல்லவனா வரட்டும். நீ நல்லவனா நடிக்கணும்னா வேற அப்பா யாரையாவது பார்த்து நடியேன். வேற யாரை உனக்குத் தெரியும்னு கேட்பே. நான் சொல்றேன். போன வருஷம் வந்திருந்தப்ப உன் பொண்ணைத் தூக்கறதுக்கு முன்னாடி, அவளுக்குக் கீறும்னு வாட்சைக் கழட்டி வெச்சே. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். அது அப்பா இல்லடா, அது நீ. உன் நல்லதையெல்லாம் எடுத்து அந்த மனுஷனுக்குப் போத்திவிடறியே, அதுதான் எனக்குத் தாங்கலை. அவரைத் திருத்தறதுக்கு அவர் ஒரு வேலையும் செய்யலை. நீயா ஒன்பது வருஷம் உட்கார்ந்து அழுது திருத்தியிருக்கே.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். குழந்தையைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள். நீங்கள் மூவரும் ஒரு குறையுமில்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். மரக்கடைக்காரர் மட்டும் சீக்கிரம் போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: ஒட்டின உறையைப் பிரிச்சு எழுதறேன். மேல எழுதினதை யார்கிட்டயும் காட்டாதே, கிழிச்சுப் போட்டுடு, ஆள் அப்படியே நல்லவனாவே இருக்கட்டும். நேத்து அம்மா தூங்கினதும் அந்த வெள்ளிக்கிழமைக் காட்சியைப் போன்ல தேடிப் போட்டு நாலு தடவை பார்த்தேன். மரக்கடைக்காரருக்கு அந்த ஒரு பொண்ணுதான்னு கதையில வருது. அவருக்கு மூத்தவ ஒருத்தி உண்டு, எங்கயோ வெளியூர்ல இருக்கான்னு சொல்ல முடியுமான்னு கதை எழுதறவரைக் கேளு. சீரியல்ல அப்படி யாராவது வந்துக்கிட்டேதானே இருப்பாங்க. நடிக்க ஆள் தேட வேண்டாம், நீ போன்ல பேசற மாதிரி இருந்தாப் போதும். அவகிட்டயும் அந்த 'நான் செஞ்சதெல்லாம் தப்பும்மா'வைச் சொல்லு. சொல்லிட்டு, அவ பதில் சொல்ற மாதிரி கொஞ்ச நேரம் சும்மா இரு. உடனே சரி சரின்னு தலையாட்டிடாதே. அவ என்ன சொல்லுவான்னு எனக்கே இன்னும் தெரியலை.