பார்ட்டி சொன்ன அளவு

"இனிமே இந்த ஷெட்டுக்குள்ள நான் வெச்சதுதான் சட்டம்!"

சொல்லிவிட்டு அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வெல்டிங் மிஷின், இரும்பு அறுக்கும் மிஷின், தகடு வளைக்கும் மேஜை எல்லாம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தன. வாசலில் காபி டம்ளரோடு நின்ற மனைவியும் தலையை ஆட்டினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் இவ்வளவு சுலபமாகத் தலையாட்டியதே இல்லை. வேறு ஆளாக இருந்தால் அந்த இடத்திலேயே உஷாராகியிருப்பான்.

"வீட்டுக்குள்ள உன் ராஜ்யம். இங்க என் ராஜ்யம். நீ வாயைத் திறக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம். ராஜா சீக்கிரம் குடிச்சா டம்ளரைக் கழுவிடலாம்."

அவர் பஸ்ஸுக்கு பாடி கட்டும் பெரிய கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். "நான் பாடி பில்டர்" என்றுதான் அறிமுகம் செய்துகொள்வார். கேட்டவர்கள் அந்த ஆறடி ஒட்டடைக்குச்சியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பாவம், ஏதோ நிறைவேறாத ஆசை என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரே மாதிரி பஸ்ஸைக் கட்டிக் கட்டி அலுத்துப்போய், கேட்பவர் கேட்கிற மாதிரி வண்டி கட்டித் தரும் பட்டறை வைக்கப்போகிறேன் என்று வேலையை விட்டார். மேனேஜர் கை குலுக்கினார்.

"ஆசைக்கு ஒரு வண்டி கட்டிப் பாருங்க. அப்புறம் இங்கேயே வந்துடுங்க. உங்க நாற்காலியை யாருக்கும் தரமாட்டேன்."

சொன்னதுகூடப் பரவாயில்லை. சொல்லும்போது சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்புதான் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. முதல் வண்டி தேறவில்லை என்றால் அந்த நாற்காலியில் போய்த்தான் உட்கார வேண்டும். அதுவும் அந்தச் சிரிப்புக்கு எதிரில்.

ஷெட்டுக்கு மேலே போர்டு மாட்டினார்: "நீங்கள் கேட்டபடி வண்டி."

மனைவி அண்ணாந்து படித்தாள். "கேட்டபடியா? கேக்கிற பழக்கம் உங்களுக்கு எப்போ வந்துச்சு?"

"பார்த்தியா, வாயைத் திறக்கிற!"

"நான் ரோட்டுல நிக்கிறேன். ரோடு உங்க ராஜ்யம் இல்ல."

அவருடைய தொழில் முறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கம்பெனியில் வரைபடம் கொடுத்துவிடுவார்கள், வம்பில்லை. சொந்தமாக ஒன்றைச் செய்தால் அவருக்கு டேப் வேண்டாம், தன் உடம்பே போதும். தன் தோள் உயரத்துக்கு அலமாரி. தன் கண் உயரத்துக்குக் கண்ணாடி. தனக்கு வசதியாக இருந்தால் உலகத்துக்கே வசதி என்பது அவர் கொள்கை. அந்த உலகத்தில் மனைவி சேர்த்தியில்லை. குளியலறைக் கண்ணாடியில் அவளுக்குத் தெரிவது தன் உச்சி வகிடு மட்டும்தான். சர்க்கரை டப்பாவுக்கு அவள் குதிப்பாள்.

"எட்டலைங்க."

"எட்டிப் பழகு."

இதுதான் அந்த வீட்டில் காலைநேர வழிபாடு.

போர்டு மாட்டி வெகு நாள் கழித்து ஒருவழியாக ஒரு ஆர்டர் வந்தது. கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டு டிரைவிங் ஸ்கூல் அக்கா. ஊரில் பாதிப் பேருக்கு பிரேக் எது என்று காட்டிக் கொடுத்தவர், ஆகையால் எல்லாரையும் அதட்டுவார்.

"தம்பி, ஒரு பார்ட்டி இருக்காங்க. பழைய வேன் ஒண்ணு வாங்கிட்டாங்க. அதை நடமாடும் தையல்கடையா மாத்தித் தரணும். ஆபீஸ் வாசல்ல போய் நிக்கிற மாதிரி. கிழிசல், ஜிப், பேன்ட் உயரம் குறைக்கிறது, எல்லாம் வண்டியிலேயே."

"அவங்களை நேர்ல வரச் சொல்லுங்க அக்கா."

"அவங்களுக்கு நேரமே இல்லப்பா. அப்படி ஒரு வேலை வீட்டுல. எதுவா இருந்தாலும் என்கிட்ட கேளு."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவர் கால் தரையில் இல்லை. ஹாலில் தையல் மிஷினில் குனிந்திருந்த மனைவியிடம் விளக்கினார். "நீ பொழுதுபோக்கா தைக்கிற மாதிரி இல்ல இது. அந்தம்மா தொழிலாச் செய்யறாங்க. ஒரு பொம்பளைக்கு என்ன தைரியம்! என்ன மூளை!"

"ஆமாங்க, கேக்கவே சந்தோஷமா இருக்கு."

வேனின் பக்கவாட்டுத் தகட்டை அறுத்து, மேலே தூக்கினால் கூரையாக நிற்கும் கதவு வைத்தார். உள்ளே துணி வெட்டும் மேஜை, மிஷின் பலகை, நூல்கண்டு மாட்டும் கம்பிகள். எல்லாம் அவர் உடம்பு அளவுக்குக் கச்சிதம். அக்கா வந்து பார்த்தார்.

"மேஜை உசரம் அதிகம். பார்ட்டி வேண்டாம்னுடுவாங்க."

"பார்க்காமலே எப்படிச் சொல்லுவாங்க?"

"எனக்குத் தெரியும் அவங்களை. உன் பொண்டாட்டி உசரம்தான் இருப்பாங்க. இந்த மேஜையில அவங்க தாடையை வெச்சுத்தான் தூங்கலாம்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பார். சொன்னது பார்ட்டி. பார்ட்டி என்றால் கேட்டபடி. பெருமூச்சோடு எல்லாவற்றையும் அறுத்து எடுத்தார். எவ்வளவு இறக்குவது? குள்ளமானவர்களின் உலகம் அவருக்குப் பழக்கமில்லாத தேசம். யோசித்தவருக்குப் பளிச்சென்று ஒரு யோசனை வந்தது.

"ஏய், இங்க வா! உள்ள வந்து நில்லு."

"நான் ஷெட்டுக்குள்ள வரக்கூடாதே?"

"வாய்தான் வரக்கூடாது. ஆள் வரலாம். துணிக்கடை வாசல்ல பொம்மை நிக்குதே, அதுதான் நீ இப்போ. டம்மி."

"டம்மிக்கு ஒரு சந்தேகம்."

"டம்மி பேசாது."

அவள் பேசவில்லை. கையை மட்டும் மேலே நீட்டினாள். நூல்கண்டுக் கம்பிக்கு ஒரு சாண் கீழே விரல் நின்றது. கம்பியை இறக்கினார். மிஷின் முன்னால் உட்கார்ந்து முழங்காலைக் காட்டினாள். பலகையை இறக்கினார். இடது கையால் காற்றில் எதையோ துழாவினாள்.

"என்ன தேடுற?"

அவள் வாயைச் சுட்டிக் காட்டி, கூடாது என்று கையை ஆட்டினாள்.

"சரி, சொல்லித் தொலை!"

"கத்தரி. தைக்கிறவங்களுக்கு அது இந்தப் பக்கம் கையில தட்டுப்படணும்."

"இது பார்ட்டிக்குப் பிடிக்குமா?"

"பிடிக்கும்னு மனசு சொல்லுது."

கத்தரிக்கு ஒரு கொக்கி வந்தது. ஊசிக்கு ஒரு காந்தப் பட்டை வந்தது. உடை மாற்றிப் பார்க்கத் திரையும், திரைக்குள் அவள் முகம் முழுசாகத் தெரிகிற உயரத்தில் ஒரு கண்ணாடியும் வந்தன. அந்தக் கண்ணாடி முன்னால் டம்மி கொஞ்சம் அதிக நேரம் நின்றது. அவர் கவனிக்கவில்லை, சம்பளமில்லாத டம்மியைக் கண்டுபிடித்த பூரிப்பில் இருந்தார்.

கடைசியாக டிரைவர் சீட். முன்னால் நகர்த்தி அவளை உட்காரவைத்தார். அவள் கிளட்ச்சை மிதித்து, கியரைத் தட்டி, பக்கக் கண்ணாடியைப் பார்த்து, சீட்டை இன்னும் ஒரு விரல் முன்னே இழுக்கச் சொன்னாள்.

"அட, எல்லாம் தெரிஞ்ச மாதிரியே பண்றியே!"

"பஸ்ஸுல டிரைவர் பக்கத்துலதானே எப்பவும் உட்காருறேன். பார்த்துப் பார்த்து வந்துடுச்சு."

சாயங்காலம் தோறும் அவள் அக்காவோடு நடைப்பயிற்சிக்குப் போகிறாள், அப்படியும் அவள் செருப்பில் தூசியே ஒட்டுவதில்லை. அதையும் அவர் கவனிக்கவில்லை. மேதைகளுக்குச் செருப்பைப் பார்க்க ஏது நேரம்.

வண்டி முடிந்தது. தேன் நிறத்தில் வழவழவென்று, ஒரு வெல்டிங் தழும்பு வெளியே தெரியாமல், கதவை ஒரு விரலால் தூக்கினால் பூப்போல எழுந்து நின்றது. அவர் சுற்றிச் சுற்றி வந்தார். பெற்ற பிள்ளையைக்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டார். துணிந்து மேனேஜருக்குப் போன் போட்டார். "நாளைக்கு முதல் டெலிவரி. வந்து பாருங்க சார்."

மேனேஜர் சிரித்துக்கொண்டேதான் வந்தார். கதவைத் தூக்கினார், இறக்கினார். இழுப்பறையை இழுத்தார். தகட்டின் ஓரங்களில் விரலை ஓட்டினார். பிசிறு கிடைக்கும் என்று தேடிய விரல் சும்மா திரும்பியது. மிஷின் பலகையைக் கையால் அளந்து பார்த்தார். சிரிப்பு போயே போய்விட்டது.

"இவ்வளவு யோசிச்சுக் கட்டின வண்டியை நான் பார்த்ததில்ல. அந்த நாற்காலியை வேற யாருக்காவது கொடுத்துடறேன்."

ஆறடி ஆள் அன்றைக்கு ஏழடியானார். தொண்டையைச் செருமிக்கொண்டு, டெலிவரி பார்க்க வந்திருந்த அக்கா பக்கம் சாவியை உயர்த்திப் பிடித்தார்.

"அக்கா, பார்ட்டி எங்க? சாவியை அவங்க கையிலதான் கொடுப்பேன்."

"கொடேன். பக்கத்துலதானே நிக்குது."

பக்கத்தில் மனைவி, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளங்கையை நீட்டினாள்.

"நீயா?"

"நான்தான். லைசென்ஸ் போன வாரமே வந்துடுச்சு. வேன் என் தையல் காசுல வாங்கினது."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா மேஜையை எந்த உசரத்துல போட்டிருப்பீங்க?"

அவர் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார். மேனேஜர் கண்ணியமான மனிதர், கூரையைப் பார்த்தார்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். எட்டாதது என்று அந்த வண்டியில் ஒன்றுமே இல்லை. கிளப்புவதற்கு முன் தலையை வெளியே நீட்டினாள்.

"ஏங்க, நிஜமாவே சொல்றேன். இது மாதிரி வண்டி இந்தத் தெருவுல இல்ல. உங்க கையை மாதிரி கை எங்கேயும் இல்ல."

கோபப்படலாம் என்று இருந்தவருக்கு அந்த வழியும் அடைபட்டுப் போயிற்று. வண்டி ஒரு உதறல் இல்லாமல் தெருமுனையில் திரும்பியதைப் பார்த்து, நெஞ்சு தன் பேச்சைக் கேட்காமல் நிமிர்ந்துகொண்டது. 'என் வண்டி' என்றார், காலியான தெருமுனையிடம். கொஞ்ச நேரம் கழித்து, 'என் பொண்டாட்டி' என்றும் சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் காலையே பட்டறை வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. கேக் கடைக்காரம்மா. ஆபீஸ் வாசலில் தையல் வண்டியைப் பார்த்துவிட்டு நேரே வந்திருக்கிறாராம். கேக் விற்க அதே மாதிரி ஒன்று வேண்டுமாம். அவர் ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உட்காருங்கம்மா. எப்படி வேணும்னு சொல்லுங்க, கட்டிடலாம்."

"அதெல்லாம் அந்தத் தையல்கார அம்மாகிட்டயே பேசி முடிச்சிட்டேங்க. அளவெல்லாம் அவங்கதான் எடுப்பாங்களாம். வெல்டிங்குக்கு மட்டும் நல்ல கையா ஒரு ஆள் வெச்சிருக்காங்களாம்." அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அது நீங்கதானா?"

அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, முழு ஆறடியிலும் நின்று சொன்னார்: "ஆமாம்மா, நானேதான்!"